உப்பு ஏறிய மலைப்பாதை

கண்டி இராச்சியத்து மலைக் கிராமங்கள் பெரும்பாலும் தம் தேவைகளைத் தாமே பார்த்துக்கொண்டன. வயலில் நெல், சேனையில் குரக்கன், வீட்டைச் சுற்றி மிளகு, காட்டோரத்தில் ஏலம். கித்துள் மரம் பாணி தந்தது, இலுக்குப் புல் கூரையானது. ஆனால் உப்பு மட்டும் மலையில் விளையவில்லை. எவ்வளவு உயரத்தில், எவ்வளவு ஒதுங்கி வாழ்ந்தாலும் உப்புக்காக யாராவது கடற்கரையில் இருந்து மலைக்கு ஏறித்தான் ஆகவேண்டும். மலைநாட்டு முஸ்லிம்களின் வரலாற்றை இந்தச் சின்ன உண்மையிலிருந்து தொடங்கிப் பார்க்கலாம் என்பதே இக்கட்டுரையின் கருத்து.

இந்த எண்ணம் எனக்கு வந்தது மீமுரேக்கு நடந்துபோன போதுதான். கண்டி மாவட்டத்தின் உடுதும்பரைப் பிரிவில், நக்கிள்ஸ் மலைத்தொடருக்குள் ஒளிந்திருக்கும் கிராமம் அது. சிங்களத்தில் தும்பர மலைத்தொடர் என்பார்கள். மூடிய கையின் விரல் மூட்டுகளைப் போலத் தெரிந்ததால் வெள்ளைக்காரர் நக்கிள்ஸ் என்று பெயர் வைத்தார்கள். கண்டியிலிருந்து மஹியங்கனை வீதியில் திகன, தெல்தெனிய கடந்து ஹுன்னஸ்கிரியவில் இடப்பக்கம் திரும்பவேண்டும். லூல்வத்தை தாண்டி கோபெட்ஸ் கெப் என்னும் கணவாய்க்கு வந்தால் காற்று ஆளைத் தள்ளும். அங்கே வேனை விட்டு இறங்கி நடந்தோம். வேன் போகும் பாதை இருக்கிறதே, ஏன் நடக்கிறீங்க என்று சாரதி கேட்டார். அந்தக் காலத்துச் சனங்கள் எவ்வளவு நேரத்தில் நடந்தார்கள் என்பதைக் கால்களால் அறியவேண்டும் என்றேன். அவர் சிரித்துவிட்டு, "அப்ப உப்பும் சவர்க்காரமும் எடுத்துக்கொள்ளுங்க, அட்டைக்கு வேணும்" என்றார்.

இறக்கத்தில் ஒவ்வொரு திருப்பத்திலும் லக்கேகல மலை முகம் காட்டும். ஈட்டிமுனை போலக் கூராக நிற்கும் பாறை. இராவணன் தன் வானூர்தியை அங்கிருந்துதான் பறக்கவிட்டான் என்று ஊரார் சொல்வார்கள். கீழே ஆறு, அதையொட்டிப் படிப்படியான வயல்கள், நடுவே வீடுகள். சில நூறு பேர் மட்டும் வாழும் ஊர்.

மீமுரேயைப் பற்றி எழுதுபவர்கள் எல்லோரும் அதன் தனித்த வழக்கங்களைப் பற்றியே எழுதுகிறார்கள். அவை இருக்கத்தான் செய்கின்றன. சூடு மிதிக்கும் களத்துக்குள் செருப்போடு போகக்கூடாது. களத்தில் நிற்கும்போது அன்றாடச் சொற்களை விட்டுவிட்டு அதற்கென்றே உள்ள சொற்களைப் பேசவேண்டும். மாட்டை வழக்கமான பெயரால் சொல்லாமல் 'அம்பருவா' என்பார்கள். ஒருவர் வயலில் மற்றவர் இறங்கி வேலை செய்வார், கூலி கிடையாது, பிறகு இவர் அவர் வயலில் இறங்குவார். அதை 'அத்தம்' என்கிறார்கள்.

இதையெல்லாம் கேட்டபோது எனக்குப் புதினமாகத் தெரியவில்லை. கிழக்கிலே வயல் செய்த என் மூத்தவாப்பாவின் களவெட்டியிலும் இதே சட்டம்தான். செருப்போடு களத்தில் ஏறினால் பேச்சு விழும். நெல்லை நெல் என்று சொல்லக்கூடாது, 'பொலி' என்றுதான் சொல்லவேண்டும். களத்துக்கென்றே ஒரு பாஷை அங்கேயும் உண்டு. முஸ்லிம் விவசாயியும் தமிழ் விவசாயியும் அதைப் பொதுவாகப் பேசினார்கள். மலை உச்சியில் சிங்களத்தில் ஒன்று, கடலோரச் சமவெளியில் தமிழில் ஒன்று. மொழி வேறு, களத்துக்குக் கொடுக்கும் மரியாதை ஒன்று. 'தனித்த ஊர்' என்று நாம் வைத்த பெயர் எவ்வளவு தூரம் சரி என்ற கேள்வி எனக்கு அங்கேதான் முளைத்தது.

நாங்கள் தங்கிய வீட்டுச் சீயாவுக்கு எண்பதுக்கு மேல் வயது. அடுப்புக்கு மேலே புகை படும் பரணில் ஒரு முட்டி இருந்தது. என்ன அது என்று கேட்டேன். சிங்களத்தில் அவர் சொன்னதை நம் பேச்சில் தருகிறேன்:

"அது உப்பு முட்டி, புத்தே. ஈரம் படாம மேல வைக்கிறது. நான் சின்னப் பொடியனா இருக்கேக்க இங்க ரோட்டு இல்ல. உப்பு முடியுற நேரம் நாலஞ்சு ஆம்பிளையள் காவுதடியில மிளகும் ஏலமும் கட்டிக்கொண்டு மலை ஏறுவாங்க. வரேக்க உப்பு, கருவாடு, மண்ணெண்ணெய். கீழ ஒரு முஸ்லிம் முதலாளிட கடை. காசு இல்லாட்டியும் சாமான் தருவார், கொப்பியில எழுதிக்கொள்ளுவார். உப்ப மட்டும் எழுதமாட்டார்."

ஏன் எழுதமாட்டார் என்று கேட்டேன். "உப்பு இல்லாம மனிசன் எப்பிடிச் சாப்பிடுறது?" என்று என்னையே திருப்பிக் கேட்டார்.

அந்த முதலாளியின் கடைக்குப் பின்னால் சில நூற்றாண்டு வரலாறு இருக்கிறது. 1626ஆம் ஆண்டளவில் போர்த்துக்கேயர் தம் ஆட்சிப் பகுதியிலிருந்து முஸ்லிம்களைத் துரத்தியபோது கண்டி மன்னன் செனரத் அவர்களுக்கு இடம் கொடுத்தான், பெருந்தொகையினரை மட்டக்களப்புப் பகுதியில் குடியேற்றினான். மலைநாட்டிலும் கிழக்கிலும் குடியிருந்த நம்மவர்களின் கையில் இருந்த பெரிய தொழில் தவளம், அதாவது பொதிமாட்டு வணிகம். தமிழில் தாவளம் என்றால் தங்குமிடம். மாடுகளும் ஆட்களும் இரவில் தங்கித் தங்கிப் போன பயணத்துக்கு அந்தச் சொல் நன்றாகவே பொருந்துகிறது. மாட்டின் இருபுறமும் மூட்டை தொங்கும். முன்னே போகும் மாட்டுக்கு மணி. மேலே ஏறும்போது உப்பு, கருவாடு, துணி. இறங்கும்போது பாக்கு, மிளகு.

இது வெறும் தனியார் வியாபாரமாக மட்டும் இருக்கவில்லை. கண்டி அரசின் போக்குவரத்துப் பிரிவாகிய 'மடிகே பத்த'வில் முஸ்லிம்கள் முக்கிய இடம் வகித்தார்கள். அரச காணியில் பயிர் செய்து, அதற்கு ஈடாக அரசனின் பொருட்களை மாடுகளில் ஏற்றி இறக்கினார்கள். லோர்னா தேவராஜா 1994இல் வெளியிட்ட நூலில் இதை விரிவாக ஆராய்ந்துள்ளார். 1766ஆம் ஆண்டு உடன்படிக்கையோடு கரையோரம் முழுவதும் ஒல்லாந்தர் கைக்குப் போனது. கடலே இல்லாத இராச்சியமாகிவிட்ட கண்டிக்கு உப்புப் பாதை எத்தனை முக்கியம் என்பதைச் சொல்லவேண்டியதில்லை.

1660 முதல் 1679 வரை கண்டி நாட்டில் கைதியாக இருந்த ரொபட் நொக்ஸ் தன் நூலில் ஒரு செய்தி தருகிறார். கண்டி நகரத்துப் பள்ளிவாசலுக்குக் காணிக்காரர் ஒவ்வொருவரும் ஒரு பணம் கொடுக்கவேண்டும் என்று முன்னைய அரசர்கள் ஏற்பாடு செய்திருந்தார்கள், அதை வாங்க முஸ்லிம்கள் வீடு வீடாகப் போனார்கள் என்கிறார். சிங்களக் கிராமத்து முற்றத்துக்கு முஸ்லிம் ஒருவர் வருவது அந்தக் காலத்திலேயே பழகிப்போன காட்சி என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

பிறகு 1815இல் இராச்சியம் ஆங்கிலேயர் வசமானது. கரத்தை வீதிகள் வந்தன, 1867இல் ரயில் கண்டியைத் தொட்டது. பொதிமாடு மெல்ல மெல்லப் பின்தங்கி, வீதி எட்டாத இடங்களில் மட்டும் மிஞ்சியது. மாட்டோடு நடந்த பலரின் பிள்ளைகள் சந்திகளில் கடை வைத்தார்கள்.

நம் மேடைகளில் வழக்கமாகச் சொல்லப்படும் கதை ஒன்று உண்டு. போர்த்துக்கேயரிடமிருந்து தப்பி மரப்பொந்தில் ஒளிந்த இரண்டாம் இராஜசிங்க மன்னனைக் காட்டிக்கொடுக்க மறுத்துப் பங்கரகம்மனையில் உயிரை விட்ட முஸ்லிம் பெண்ணின் கதை. மதிக்கவேண்டிய கதைதான். ஆனால் நாம் இந்த மண்ணுக்குரியவர்கள் என்று நிறுவ எந்நேரமும் ஓர் அரசனின் நன்றியைத்தான் சாட்சிக்கு அழைக்கிறோம். அரசனுக்கு உயிர் கொடுத்ததைச் சொல்கிறோம், அடுப்படிக்கு உப்புக் கொடுத்ததைச் சொல்வதில்லை.

இது வெறும் பழங்கதை விவகாரமல்ல. மீமுரேக்குப் போகும் அதே வீதியில்தான் 2018 மார்ச்சில் திகன, தெல்தெனியப் பக்கத்தில் நம் கடைகளும் வீடுகளும் பள்ளிவாசல்களும் எரிந்தன. நேற்று வந்த வியாபாரிகள் என்ற பேச்சு அந்த நெருப்புக்கு விறகானது. அதற்குப் பதில் சொல்ல ஆவணக் காப்பகம் வேண்டும், சந்தேகமில்லை. ஆனால் அந்தச் சீயாவைப் போன்றவர்களின் ஞாபகமும் வேண்டும். நமக்காக நாமே சொல்லும் சாட்சியைவிட அயலவர் சொல்லும் சாட்சிக்கு எடை அதிகம்.

அந்த ஞாபகத்துக்கு ஆயுள் குறைவு. 2000ஆம் ஆண்டில் நக்கிள்ஸ் பாதுகாக்கப்பட்ட வனமானதால் காட்டுக்குள் ஏலச் செய்கை அற்றுப்போனது. 2010இல் அது உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்தது. இப்போது மிளகு மூட்டை தூக்கி ஏறியவர்களின் பேரன்மார் சுற்றுலாக்காரருக்குச் சோறு சமைக்கிறார்கள், மற்றவர்கள் நகரத்துக்குப் போய்விட்டார்கள். பழைய நடைபாதைகளைப் புல் மூடுகிறது.

ஆகவே அக்குறணை, மாவனல்லை, கலகெதர, ஊவாப் பக்கத்து இளைஞர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டு முதியவர்களிடம் எந்த அரசன் பட்டம் கொடுத்தான் என்று மட்டும் கேட்காதீர்கள். மூத்தவாப்பா எந்தப் பாதையால் நடந்தார், எங்கே மாட்டை அவிழ்த்தார், எந்தச் சிங்கள வீட்டுத் திண்ணையில் படுத்தார், யாருக்குக் கடன் எழுதினார் என்று கேளுங்கள். பழைய கணக்குக் கொப்பி, மாட்டு மணி, தராசு எதுவும் வீட்டில் கிடந்தால் பழைய இரும்புக்காரருக்குப் போடாதீர்கள். பிறகு அந்தப் பாதையின் மறுமுனையில் இருக்கும் கிராமத்துக்கும் ஒருமுறை போய், அவர்களுடைய பக்கத்துக் கதையையும் கேட்டு எழுதுங்கள். இரண்டு முனையும் சேர்ந்தால்தான் பாதை.