ரைஸ் குக்கர் திடீர்னு நின்னுடுச்சா? தெர்மல் ஃபியூஸ் மாற்றுவது எப்படி... 'டைரக்ட்' கொடுத்தால் என்ன ஆபத்து?

காலை நேரம். அரிசியைக் களைந்து, தண்ணீர் அளந்து ஊற்றி, எலக்ட்ரிக் ரைஸ் குக்கரின் ஸ்விட்சைத் தட்டினால் லைட் எரியவில்லை. நேற்று ராத்திரி வரைக்கும் நல்லாத்தான் ஓடியது. வேறு சாக்கெட்டில் செருகிப் பார்த்தாலும் அதே கதைதான். 'குக்கர் போச்சு, புதுசு வாங்கணும்' என்று முடிவு கட்டுவதற்கு முன் பார்க்க வேண்டிய ஒரு பொருள் குக்கரின் அடியில் இருக்கிறது. அதுதான் தெர்மல் ஃபியூஸ். விரல் நுனி அளவுதான் இருக்கும். விலையும் குறைவு.

ஆனால் இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. பல கடைகளில் இந்த ஃபியூஸை மாற்றாமல், அதை வெட்டிவிட்டு இரண்டு ஒயரையும் ஒன்றாக முறுக்கிக் கொடுத்துவிடுகிறார்கள். 'டைரக்ட் கொடுத்தாச்சு' என்று இதைச் சொல்வார்கள். குக்கர் ஓடும், சோறும் வேகும். ஆனால் தீப்பிடிக்காமல் காக்கும் கடைசிப் பாதுகாப்பு அதில் இருக்காது. இது ஏன் ஆபத்து, சரியாக மாற்றுவது எப்படி? விரிவாகப் பார்க்கலாம்.

தெர்மல் ஃபியூஸ் என்றால் என்ன?

வீட்டு மெயின் போர்டில் இருக்கும் ஃபியூஸ், மின்சாரம் அளவுக்கு மீறிப் பாய்ந்தால் அறுந்துபோகும். தெர்மல் ஃபியூஸ் அப்படி இல்லை. அது முக்கியமாகப் பார்ப்பது சூட்டை. குறிப்பிட்ட வெப்பநிலையைத் தொட்டதும் இணைப்பைத் துண்டித்துவிடும்.

பரவலாகக் கிடைக்கும் ஒரு வகையில், சிறிய உலோகக் குழாய்க்குள் மெழுகு போன்ற ஒரு வில்லையும், அதனால் அழுத்தி வைக்கப்பட்ட ஸ்பிரிங்கும் இருக்கும். சூடு எல்லையை எட்டும்போது வில்லை உருகும், ஸ்பிரிங் விரியும், உள்ளே இருக்கும் தொடுப்பு விலகிவிடும். ஒருமுறை போனால் போனதுதான். குக்கர் ஆறிய பிறகும் மீண்டும் இணையாது. ரிப்பேர் செய்யவும் முடியாது, புதிதுதான் போட வேண்டும்.

குக்கரில் இதற்கு என்ன வேலை?

சாதாரண ரைஸ் குக்கரில் சோறு வெந்ததைக் கண்டுபிடிப்பது ஹீட்டர் பிளேட்டின் நடுவில் இருக்கும் காந்தம். பாத்திரத்தில் தண்ணீர் இருக்கும் வரை வெப்பம் 100 டிகிரி செல்சியஸைப் பெரிதாகத் தாண்டாது. தண்ணீர் முழுவதும் அரிசிக்குள் போனதும் சூடு ஏறத் தொடங்கும். அப்போது அந்தக் காந்த அமைப்பு பிடிப்பை இழந்து, ஸ்விட்ச் 'டக்' என்று மேலே வந்துவிடும்.

இந்தக் காந்தமோ, அதனுடன் இணைந்த ஸ்விட்சோ சிக்கிக்கொண்டால்? ஹீட்டர் நிற்காமல் சூடாகிக்கொண்டே போகும். அந்த நேரத்தில் மின்சாரத்தைத் துண்டிப்பதுதான் தெர்மல் ஃபியூஸின் வேலை. அதாவது, முதல் காவலாளி தூங்கிவிட்டால் விழித்திருக்கும் இரண்டாவது காவலாளி.

'வீட்டுல எம்சிபி இருக்கே, அது போதாதா?'

போதாது. பலரும் தவறாக நினைப்பது இதைத்தான்.

ஒரு 700 வாட்ஸ் குக்கர் 230 வோல்ட் மின்சாரத்தில் சுமார் 3 ஆம்பியர் இழுக்கும். ஸ்விட்ச் சிக்கி, குக்கர் கொதிகொதியென்று சூடேறும்போதும் அதே 3 ஆம்பியர்தான். 16 ஆம்பியர் எம்சிபிக்கு இதில் எந்தத் தவறும் தெரியாது. ஆர்சிசிபியும் கசிவு மின்சாரத்தைத்தான் கவனிக்கும், சூட்டை அல்ல. ஒயரின் மேலுறை உருகி ஷார்ட் ஆகும் வரை இரண்டும் சும்மாதான் இருக்கும். அதற்குள் அடிப்பகுதி பிளாஸ்டிக் கருகத் தொடங்கியிருக்கலாம்.

தெர்மல் ஃபியூஸ் இருக்கும் இடத்தில் சாதாரண கண்ணாடி ஃபியூஸைப் போடுவதும் இதனால்தான் தவறு. அதற்குச் சூடு தெரியாது.

போனது ஃபியூஸ்தானா? எப்படிக் கண்டுபிடிப்பது?

பெரும்பாலான மாடல்களில் தெர்மல் ஃபியூஸ் போனால் லைட்டும் எரியாது, சூடும் ஆகாது. லைட் எரிந்தும் சூடாகவில்லை என்றால் ஹீட்டர் பிளேட்டிலோ ஸ்விட்ச் தொடுப்பிலோ பழுது இருக்க வாய்ப்பு அதிகம்.

முதலில் வேறு சாக்கெட்டில் செருகிப் பாருங்கள். கழற்றி மாட்டும் ஒயர் என்றால் வேறு ஒயரையும் மாட்டிப் பாருங்கள். பாதிப் புகார் இங்கேயே தீர்ந்துவிடும். அப்படியும் ஓடவில்லை என்றால்தான் அடிப்பக்கத்தைத் திறக்க வேண்டும்.

வாரண்டி இருந்தால் திறக்காமல் சர்வீஸ் சென்டரில் கொடுப்பதே நல்லது. மின் வேலையில் பழக்கம் இல்லாதவர்கள் இதற்கு மேல் தாங்களே முயற்சி செய்ய வேண்டாம். படித்து வைத்துக்கொண்டால், கடையில் சரியான கேள்வியைக் கேட்க உதவும்.

சோதிக்கும் முறை:

1. பிளக்கைச் சாக்கெட்டிலிருந்து முழுவதுமாகப் பிடுங்கிவிடுங்கள். ஸ்விட்சை மட்டும் அணைத்தால் போதாது. குக்கர் நன்றாக ஆறட்டும்.

2. உள்பாத்திரத்தை எடுத்துவிட்டு, குக்கரைத் துணியின் மேல் கவிழ்த்து, அடியில் இருக்கும் ஸ்குரூக்களைக் கழற்றுங்கள். எந்த ஒயர் எங்கே போகிறது என்று போனில் ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.

3. வெள்ளை அல்லது வேறு நிறத் துணி போன்ற உறைக்குள், பெரும்பாலும் ஹீட்டர் பிளேட்டுக்குப் பக்கத்தில், தகரப் பட்டையால் இறுக்கி வைக்கப்பட்டிருப்பதுதான் தெர்மல் ஃபியூஸ்.

4. மல்டிமீட்டரை 'பீப்' சத்தம் தரும் நிலைக்கு மாற்றி, ஃபியூஸின் இரண்டு முனைகளையும் தொடுங்கள். சத்தம் வந்தால் ஃபியூஸ் நன்றாக இருக்கிறது, பழுது வேறெங்கோ இருக்கிறது. சத்தம் வரவில்லை என்றால் ஃபியூஸ் போய்விட்டது.

புது ஃபியூஸ் வாங்கும்போது எதைப் பார்க்கணும்?

பழைய ஃபியூஸைக் கையோடு கடைக்கு எடுத்துப் போங்கள். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் போன்ற எலக்ட்ரானிக்ஸ் கடைத்தெருக்களிலும், வீட்டு உபயோகப் பொருட்களின் ஸ்பேர் கடைகளிலும் கேட்டுப் பார்க்கலாம். ஃபியூஸின் மேல் அச்சிடப்பட்டிருக்கும் மூன்று எண்கள் முக்கியம்.

வெப்பநிலை: 'டி-எஃப்' என்ற ஆங்கில எழுத்துகளுக்குப் பக்கத்தில் டிகிரி அளவு இருக்கும். இது பழைய ஃபியூஸில் உள்ளதேதான் இருக்க வேண்டும். குறைவாகப் போட்டால் சும்மா சும்மா போய்விடும். அதிகமாகப் போட்டால் ஆபத்து வந்த பிறகுதான் துண்டிக்கும். 'இது கொஞ்சம் அதிகம் தாங்கும், அடிக்கடி போகாது' என்று கடைக்காரர் சொன்னால் வாங்காதீர்கள்.

ஆம்பியர்: 10 ஆம்பியர், 15 ஆம்பியர் என்று இருக்கும். பழையதில் உள்ள அளவையே கேளுங்கள்.

வோல்ட்: நம் நாட்டு மின்சாரத்துக்கு 250 வோல்ட் என்று இருக்க வேண்டும்.

எழுத்து அழிந்துபோயிருந்தால் குத்துமதிப்பாக ஒன்றை வாங்கிப் போட வேண்டாம். குக்கரின் மாடல் நம்பரைச் சொல்லி, கம்பெனி சர்வீஸ் சென்டரில் கேட்பதுதான் சரி.

மாற்றும்போது செய்யும் தவறுகள்

ஈயம் வைத்துப் பற்றவைப்பது: சால்டரிங் அயர்ன் முனை 300 டிகிரியைத் தாண்டும். அந்தச் சூடு கம்பி வழியாக உள்ளே போனால், புது ஃபியூஸ் மாட்டும்போதே போய்விடும். குக்கருக்குள் இருக்கும் சூட்டில் ஈயப் பற்று இளகவும் வாய்ப்புண்டு. அதனால் சிறு உலோகக் குழாயில் இரு கம்பியையும் விட்டு நசுக்கி இறுக்கும் 'கிரிம்ப்' முறைதான் ஏற்றது.

வெறுமனே முறுக்கி விடுவது: தளர்ந்த இணைப்பு தானாகவே சூடாகும். அந்தச் சூட்டில் ஃபியூஸ் மறுபடியும் போகும்.

கம்பியை அடியோடு மடக்குவது: ஃபியூஸின் உடலை ஒட்டி மடக்கினால் உள்ளே இருக்கும் அடைப்பு விரிசல் விடும். சில மில்லிமீட்டர் தள்ளிப் பிடித்து மடக்குங்கள்.

உறை போடாமல் விடுவது: மேலே சொன்ன வில்லை வகையில், ஃபியூஸின் உலோக உடலே ஒரு முனையோடு இணைந்திருக்கும். அதிலும் மின்சாரம் இருக்கும். உறை இல்லாமல் அது பிளேட்டிலோ தகரத்திலோ பட்டால் ஷாக் அடிக்கும். பழைய ஃபைபர் கிளாஸ் ஸ்லீவ் நன்றாக இருந்தால் அதையே போடலாம். கறுப்பு இன்சுலேஷன் டேப் இந்தச் சூட்டைத் தாங்காது.

இடம் மாற்றி வைப்பது: பட்டைக்கு அடியில், பழையது இருந்த அதே இடத்தில் ஒட்டி இருக்க வேண்டும். தள்ளி வைத்தால் சரியான நேரத்தில் சூடு அதற்குத் தெரியாது.

மாட்டி முடித்ததும் சோதனை

அடி மூடியை மூடி ஸ்குரூ போட்ட பிறகு, பிளக்கின் பேஸ் முனைக்கும் ஹீட்டர் பிளேட்டுக்கும் இடையே மல்டிமீட்டர் வைத்துப் பாருங்கள். சத்தம் வரவே கூடாது. எர்த் முனைக்கும் பிளேட்டுக்கும் இடையே சத்தம் கண்டிப்பாக வர வேண்டும். 700 வாட்ஸ் குக்கர் என்றால், ஸ்விட்சை 'குக்' நிலையில் அழுத்தியபடி பேஸ், நியூட்ரல் முனைகளுக்கு நடுவே சுமார் 75 ஓம் காட்டும்.

பிறகு உள்பாத்திரத்தில் ஒரு டம்ளர் தண்ணீர் மட்டும் ஊற்றி ஆன் செய்யுங்கள். பக்கத்திலேயே நில்லுங்கள். தண்ணீர் கொதித்து வற்றியதும் ஸ்விட்ச் தானாக 'டக்' என்று மேலே வர வேண்டும். வரவில்லை என்றால் உடனே மெயின் ஸ்விட்சை அணையுங்கள். காந்தமோ ஸ்விட்சோ பழுது என்று அர்த்தம். அதைச் சரி செய்யாமல் எத்தனை ஃபியூஸ் மாற்றினாலும் போய்க்கொண்டேதான் இருக்கும்.

ஃபியூஸ் ஏன் போகிறது?

சில சமயம் வயதாகியே போகும். ஆனால் பல நேரங்களில் நம் பழக்கம்தான் காரணம்.

* உள்பாத்திரத்துக்கும் பிளேட்டுக்கும் நடுவே ஒரு சோற்றுப் பருக்கை ஒட்டிக்கொண்டாலும், பாத்திரம் சரியாகப் படியாமல் பிளேட் மட்டும் கூடுதலாகச் சூடாகும்.

* கீழே விழுந்தோ, கேஸ் அடுப்பில் வைத்தோ உள்பாத்திரத்தின் அடி நெளிந்திருந்தாலும் இதே பிரச்சினைதான்.

* குக்கரிலேயே தாளிப்பதற்காக, மேலே வரும் ஸ்விட்சைத் திரும்பத் திரும்ப அழுத்துவது, அது வராதபடி எதையாவது முட்டுக் கொடுத்து வைப்பது.

* உள்பாத்திரம் வைக்காமலோ, தண்ணீர் ஊற்ற மறந்தோ ஆன் செய்வது.

எல்லாச் சாதனத்தையும் வீட்டில் திறக்கலாமா?

கூடாது. மைக்ரோவேவ் அவனை எந்தக் காரணத்துக்காகவும் வீட்டில் திறக்காதீர்கள். அதில் உள்ள கெப்பாசிட்டரில், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உயிரைப் பறிக்கும் உயர் மின்னழுத்தம் தங்கியிருக்கலாம். இண்டக்‌ஷன் அடுப்பிலும் கெப்பாசிட்டர் உண்டு. இவை இரண்டும் பயிற்சி பெற்ற மெக்கானிக்கின் வேலை.

கடையில் இதைக் கேளுங்கள்

ரிப்பேருக்குக் கொடுத்த குக்கர் திரும்பி வந்ததும் ஒரே ஒரு கேள்வி போதும்: 'ஃபியூஸ் மாத்துனீங்களா, டைரக்ட் கொடுத்தீங்களா?' மாற்றியதாகச் சொன்னால் பழைய ஃபியூஸைக் கேட்டு வாங்கி, எண்களைச் சரிபாருங்கள். டைரக்ட் என்றால், சரியான ஃபியூஸ் போடும் வரை அந்தக் குக்கரைப் பயன்படுத்த வேண்டாம். குறிப்பாக, சோறு வைத்துவிட்டு வெளியே போகிறவர்கள், வயதானவர்கள் மட்டும் தனியாக இருக்கும் வீடுகளில் இதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும்.