மூச்சடக்கும் இதயம்: மன்னார் வளைகுடாவும் இதய மாதிரியியலும்

இதயத்தின் இயக்கத்தைப் படமெடுத்து, அதைக் கணிதமாக்கி, கணினிக்குள் மீண்டும் துடிக்க வைக்கும் துறைக்கென்று ஈராண்டுக்கு ஒருமுறை ஒரு பன்னாட்டு மாநாடு கூடுகிறது. 2001இல் ஹெல்சிங்கியில் தொடங்கிய இது லியோன், பார்சிலோனா, சால்ட் லேக் சிட்டி, நீஸ், நியூயார்க், லண்டன், மாஸ்ட்ரிக்ட், டொரண்டோ, போர்தோ என்று ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலுமே சுற்றி வந்திருக்கிறது. அங்கே நடக்கும் பணி மிக உயர்ந்தது. தசை நாரின் திசை, கீழறைச் சுவரின் விறைப்பு, மின் அலை பரவும் பாதை ஆகியவற்றை ஒரு நோயாளியின் படத்திலிருந்தே மதிப்பிடும் நுட்பம் இத்தகைய கூடல்களில்தான் வளர்ந்தது. அந்தப் பணியின் அடித்தளத்தைப் பற்றி இக்கட்டுரை ஒன்றை வாதிடுகிறது: ஒரு மாதிரி எத்தனை இதயங்களைக் கண்டது என்பதைவிட, எந்தெந்த நிலைகளில் இருந்த இதயங்களைக் கண்டது என்பதே அதன் தகுதியைத் தீர்மானிக்கிறது. அந்தத் தகுதியைச் சோதிக்கத் திருச்செந்தூரை ஒட்டிய முத்துக்குளித்துறைக் கடற்கரையைவிடப் பொருத்தமான இடம் அரிது.

1962இல் டெனிஸ் நோபிள் பர்கின்யே நாரின் மின்துடிப்பைச் சமன்பாடுகளில் எழுதினார். அதற்குப் பத்தாண்டு முன் ஹாட்ஜ்கினும் ஹக்ஸ்லியும் கணவாயின் நரம்பிழைக்கு எழுதிய சமன்பாடுகளே அவருக்கு முன்மாதிரி. 2011இல் ஓஹாராவும் ரூடியும் வெளியிட்ட மனிதக் கீழறைச் செல் மாதிரி, நோயற்ற நூற்றுக்கும் மேற்பட்ட மனித இதயங்களின் அளவீடுகளைக் கொண்டது. கீழறையின் எல்லையைத் தானாக வரையும் நிரல்களை மதிப்பிட 2017 முதல் பரவலாகப் பயன்படும் ஒரு படத்தொகுப்பில் இருப்பவர்கள் 150 பேர். அனைவரும் பிரான்சின் திஜோன் நகர மருத்துவமனை ஒன்றில் படமெடுக்கப்பட்டவர்கள். அவர்கள் மல்லாந்து படுத்திருக்க, சில நொடிகள் மூச்சைப் பிடித்துக்கொள்ளச் சொல்லி எடுத்த எம்.ஆர்.ஐ. படங்கள் அவை. இன்றைய இதயக் கணிப்பியலின் பெரும்பகுதி, படுக்கையில் மூச்சடக்கிய ஓய்வு இதயத்தின் மேல் கட்டப்பட்டிருக்கிறது.

மக்கள்தொகை வேறுபாடும் சிறியதல்ல. 15 நாடுகளில் நடந்த ஒரு பன்னாட்டு எக்கோ ஆய்வில், நலமாக இருப்பவர்களின் இடக் கீழறைக் கொள்ளளவு இந்தியர்களிடம்தான் மிகக் குறைவாக இருந்தது. 2009இல் பெருந்துறை எஸ். தண்டபாணி, ஐதராபாத்தின் குமாரசாமி தங்கராஜ் முதலானோர் இணைந்து ‘நேச்சர் ஜெனிட்டிக்ஸ்’ இதழில் வெளியிட்ட கண்டுபிடிப்பு இன்னும் முக்கியமானது. இதயத்தசையின் சுருக்கத்தை நெறிப்படுத்தும் ஒரு புரதத்தின் மரபணுவில் 25 எழுத்துகள் விடுபட்ட நிலை தெற்காசியர்களில் ஏறத்தாழ நூற்றுக்கு நால்வரிடம் காணப்படுகிறது. அது பிற்காலத்தில் இதயச் செயலிழப்புக்கான வாய்ப்பைக் கூட்டுகிறது. சுருக்கவிசையைக் கணிக்கும் எந்த மாதிரியும் இந்த நான்கு விழுக்காட்டை ஓரத்து விலக்காக ஒதுக்கிவிட முடியாது.

உழைக்கும் உடலை மையமாக வைத்து ஒரு பன்னாட்டு அறிவியல் கூட்டத்தை நடத்த முடியுமா என்ற கேள்விக்கு விடை 1965இலேயே கிடைத்துவிட்டது. அந்த ஆண்டு டோக்கியோவில் ஹெர்மன் ரானும் யோகோயாமாவும் கூட்டிய கருத்தரங்கின் பொருள், மூச்சடக்கி மூழ்குவதன் உடலியலும் ஜப்பானின் ‘அமா’ என்னும் முக்குளிக்கும் பெண்களும். அதன் தொகுதியைப் படிப்பவர் முதலில் கவனிப்பது கேள்விகளின் வரிசையை. அந்தப் பெண்கள் எந்தப் பருவத்தில் எவ்வளவு நேரம், எந்த முறையில் மூழ்குகிறார்கள் என்று கேட்டபிறகே அவர்களுடைய நுரையீரலும் இதயமும் அளக்கப்பட்டன. அமா பெண்களில் இருவகையினர் உண்டு. துணையின்றி நீந்தி இறங்குபவர்கள் ஏறத்தாழ அரை நிமிடம் நீருக்குள் இருப்பார்கள். எடைக்கல்லோடு இறங்கி, படகில் இருக்கும் கணவர் கயிற்றால் இழுக்க மேலேறுபவர்கள் இருபது மீட்டர் வரை சென்று ஒரு நிமிடம் தங்குவார்கள். கொரியாவின் முக்குளிக்கும் பெண்களை அளந்த ஹாங் சுக் கி, மூழ்கும்போது நூறை ஒட்டியிருந்த இதயத்துடிப்பு முப்பது நொடிக்குள் அறுபதை ஒட்டி இறங்குவதைக் காட்டினார். இவற்றுக்கெல்லாம் முன்பே, 1962இல், ஷோலாண்டரும் துணைவர்களும் ஆஸ்திரேலியாவின் டாரஸ் நீரிணையில் முத்துச்சிப்பி எடுக்கும் தொல்குடி மூழ்குவோரிடம் துடிப்பு குறைவதைப் பதிவு செய்திருந்தார்கள். அவர்கள் மேலே வந்த பிறகுதான் இரத்தத்தில் லாக்டிக் அமிலம் ஏறியது. நீருக்குள் இருக்கும்வரை தசைகளுக்கான ஓட்டம் இறுக மூடப்பட்டு, இதயத்துக்கும் மூளைக்கும் ஆக்சிஜன் காக்கப்பட்டது என்பதற்கு அது சான்று. இந்த அறிவு எந்த மருத்துவமனைப் படுக்கையிலிருந்தும் கிடைத்திருக்காது.

இனி நம் கரைக்கு வருவோம். பாம்பனிலிருந்து மணப்பாடு வரை கடலடியில் பரவிக்கிடக்கும் ‘பார்கள்’ என்னும் பாறைத்திட்டுகள்தான் முத்துச்சிப்பியின் இருப்பிடம். கொற்கை காலந்தொட்டு காயல்பட்டினம், புன்னைக்காயல், வீரபாண்டியன்பட்டினம், தூத்துக்குடி என்று துறைகள் மாறினாலும் தொழிலின் முறை மாறவில்லை. குளிப்பவர் கயிற்றில் கட்டிய கல்லின்மேல் கால் வைத்து இறங்குவார். படகில் இருப்பவர் கல்லை உடனே மேலே இழுத்துக்கொள்வார். சிப்பிக்கூடையும் ஆளும் பின்னால் வருவார்கள். ஜப்பானிய எடைக்கல் முறையும் இதுவும் உடன்பிறந்தவை என்றே சொல்லலாம். 1955 முதல் 1961 வரை நடந்த தொடரோடு தூத்துக்குடியின் பெரும் முத்துக்குளிப்பு முடிந்துபோனது. சங்கு குளிப்பது மட்டும் திரேஸ்புரத்திலும் அதை ஒட்டிய ஊர்களிலும் தொடர்கிறது.

முறை ஒன்றாயினும் உடலியல் ஒன்றாகாது. இதை நான் சற்று அழுத்தியே சொல்ல வேண்டியிருக்கிறது. மூழ்கும்போது இதயம் மெதுவாவதற்குக் காரணங்கள் இரண்டு: மூச்சடங்குவது ஒன்று, முகத்தில் குளிர்நீர் படுவது மற்றொன்று. முகத்தின் முப்பெரு நரம்பு கொண்டுவரும் செய்தி மூளைத்தண்டை அடைந்து, அங்கிருந்து வேகஸ் நரம்பின் வழியே இதயத் துடிப்பாக்க முடிச்சைக் கட்டுப்படுத்துகிறது. கொரியக் கடல் குளிர்காலத்தில் பத்து டிகிரியை ஒட்டி இறங்கும். மன்னார் வளைகுடாவின் மேல்நீரோ ஏறத்தாழ 26 முதல் 31 டிகிரி வரை இருக்கும். ஆகவே இங்கே குளிரின் பங்கு சுருங்கி, மூச்சடக்கலின் பங்கும் அழுத்தத்தின் பங்கும் தனித்துத் தெரியும். கல்லோடு இறங்குவதால் கால்தசையின் உழைப்பும் குறைகிறது. மாதிரியமைப்போர் பல ஆண்டுகளாகப் பிரிக்க முடியாமல் திணறும் விளைவுகளை இந்தக் கடலும் இந்தத் தொழிலும் இயல்பாகவே பிரித்துத் தருகின்றன.

இருபது மீட்டர் ஆழத்தில் அழுத்தம் மூன்று மடங்கு. ஆறு லிட்டர் காற்று இரண்டு லிட்டராகச் சுருங்கும். கழுத்தளவு நீரில் நின்றாலே ஏறத்தாழ 700 மில்லி இரத்தம் கைகால்களிலிருந்து மார்புக்குள் வந்துவிடும். 1990இல் கொரியப் பெண்களிடம் மண்ணீரல் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு சுருங்கி, இரத்தத்தில் ஹீமோகுளோபினைக் கூட்டுவது கண்டறியப்பட்டது. இத்தாலிய ஆய்வாளர் மராபொட்டியின் குழு நீருக்கடியில் எக்கோ கருவியைக் கொண்டுசென்று, ஆழத்தில் நெஞ்சுக்கூடு நெருங்குவதால் இடக் கீழறை நிரம்புவது தடைப்படுவதைக் கண்டது. கீழறையை மட்டும் தனியே எடுத்துத் துடிக்க வைக்கும் மாதிரி இங்கே உதவாது. நுரையீரல், சிரைகள், மண்ணீரல், தன்னியக்க நரம்பு அனைத்தோடும் இணைத்த மாதிரி மட்டுமே இந்த ஒரு நிமிடத்தைச் சரியாகக் கணிக்கும்.

மூழ்குபவர் அபூர்வம், மாதிரி நோயாளிக்காக என்பது இதற்கு எழும் முதல் மறுப்பு. உறக்கத்தில் மூச்சு நின்று நின்று வரும் நோயாளியின் இதயம் ஒவ்வோர் இரவும் பலமுறை இதே பாதையில்தான் போய்வருகிறது. 2012இல் ஷாட்டக்கும் டிப்டனும் காட்டியதுபோல், குளிர்நீரில் இதயத்தை விரைவுபடுத்தும் நரம்பும் மெதுவாக்கும் நரம்பும் ஒரே சமயத்தில் உசுப்பப்படும்போது இதயத்தின் ஒழுங்கு குலையலாம். பரம்பரையாக வரும் ஒருவகை நீள்-கியூடி குறைபாட்டில் நீச்சலே உயிருக்கு ஆபத்தான தூண்டுதலாகிறது. இத்தகைய மின்குழப்பத்தைக் கணிக்கும் ஆற்றல் நம் நாட்டிலேயே இருக்கிறது. சென்னைத் தரமணியின் கணித அறிவியல் நிறுவனத்தைச் சேர்ந்த சிதாப்ர சின்காவும் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் ராகுல் பண்டிட்டும் மற்றொருவரும் 2001இல் ‘ஃபிசிகல் ரிவியூ லெட்டர்ஸ்’ இதழில் எழுதிய கட்டுரை, கீழறை நடுக்கத்தின் சுருள் அலைகளை மெல்லிய மின்தூண்டலால் கட்டுப்படுத்தும் வழியைக் கணிதத்தில் காட்டியது. தரமணிக்கும் திரேஸ்புரத்துக்கும் இடையே ஓர் இரவு ரயில் பயணம்தான் இருக்கிறது.

இரண்டாவது மறுப்பு அறம் சார்ந்தது, அது வலுவானது. உழைப்பவரை அளந்து எண்களை எடுத்துக்கொண்டு போய்விடுவது முன்பும் நடந்ததே. அதற்கு விடை அளக்காமல் விடுவதல்ல, அளவை அவருக்கு முதலில் திருப்பித் தருவது. அமுக்கக் காற்றுக்குழாயைக் கவ்வி இறங்கும் சங்கு குளிப்பவருக்கு, மேலேறும் வேகம் தவறினால் நைட்ரஜன் குமிழிகளால் வரும் ஆபத்து, மூச்சடக்கி இறங்கிய அவருடைய பாட்டனாரின் ஆபத்திலிருந்து வேறானது. ராமநாதபுரம் கரையில் விரல்களில் துணி சுற்றி, கண்ணாடி மாட்டி, மரிக்கொழுந்துப் பாசிக்காக நாள்முழுதும் மூழ்கும் பெண்களின் இதயமும் இந்தக் கணக்கில் சேர வேண்டும். கொரியப் பெண்களுக்குக் கிடைத்த கவனம் அவர்களுக்கும் உரியது. ஆண்டுக்கொருமுறை ஈசிஜியும் எக்கோவும் எடுத்து, அந்த 25 எழுத்துக் குறைபாட்டைச் சோதித்து, முடிவைத் தமிழில் விளக்கிச் சொல்லும் ஏற்பாடு ஆய்வுத் திட்டத்தின் முதல் பக்கத்திலேயே இடம்பெற வேண்டும். எந்த அளவு வெளியே போகலாம், எது கூடாது என்று முடிவெடுக்கும் குழுவில் குளிப்பவர்களின் சங்கத்தினர் பாதிக்குக் குறையாமல் அமர வேண்டும். தூத்துக்குடி மருத்துவக் கல்லூரி, மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் தூத்துக்குடி மையம், தரமணியின் கணிதவியலாளர்கள் ஆகிய மூன்று தரப்பினரும் ஒரே மேசையில் அமர்ந்தால், அடுத்த இதய மாதிரி மாநாடுகளில் ஒன்றுக்கு இக்கரையிலிருந்து ஓர் அமர்வை முன்மொழிவது நடக்கக்கூடிய காரியமே.