நோட்டீஸ் எந்தத் தெருவரை போகும்? - சிறுவணிகமும் ‘பொதுமக்க’ளும் குறித்துச் சில குறிப்புகள்

1

பள்ளிக்கூடக் காலத்திலிருந்து எனக்கு முடிவெட்டிவிடுகிற அண்ணன் ஒருவர், சென்ற ஆண்டு தன் கடையைப் பழைய தெருவிலிருந்து பஸ் ஸ்டாண்டுப் பக்கம் மாற்றினார். தென்மாவட்டத்துச் சிறுநகரம் ஒன்றில் இரண்டு நாற்காலிகள் போட்ட சலூன் அது. மாற்றுவதற்கு முன்னால் என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்: “தம்பி, நீங்க தமிழ் எம்.ஏ. படிச்சவரு. ஒரு நோட்டீஸ் எழுதிக் குடுங்க. ஆனா அதுக்கு முன்னாடி, நம்ம மாதிரி கடைக்கு நோட்டீஸ் சரிப்பட்டு வருமா, அதச் சொல்லுங்க.”

முதல் வேலை ஐந்து நிமிடத்தில் முடிகிற காரியம். இரண்டாவதற்கு என்னிடம் பதில் இல்லை. துண்டுப் பிரசுரம் என்றால் நம் போன்றவர்களுக்கு அரசியல் பிரசுரங்கள்தான் நினைவுக்கு வரும். அவற்றைச் சேகரிக்கிறோம், ஆவணம் என்கிறோம். கடைக்காரர் கொடுக்கிற நோட்டீஸைப் பிரதியாகக் கருதி யாரும் வாசிப்பதில்லை. கடலை மடிக்கப் போகிற காகிதம்தானே என்கிற அலட்சியம். இக்கட்டுரை அந்தக் காகிதத்தைப் பற்றியது. நோட்டீஸ் ஒரு சிறுகடைக்குப் பொருந்துமா என்கிற கேள்வி வரவு-செலவுக் கணக்கில் தொடங்கினாலும் அதோடு தீர்வதில்லை. அந்தக் கடை யார் யாரைத் தன் வாடிக்கையாளராகக் கற்பனை செய்கிறது என்கிற இடத்தில் போய் நிற்கிறது என்பதே நான் சொல்ல விழைவது.

2

முகம் தெரியாத ஒருவரை நோக்கி எழுத்தின் மூலம் பேசுவது என்பது நம் சூழலில் இயல்பாக நடந்துவிட்ட ஒன்றல்ல. 1801 ஜூன் 16 அன்று சின்ன மருதுவின் பெயரால் திருச்சிக் கோட்டையிலும் ஸ்ரீரங்கம் கோயில் சுவரிலும் ஒட்டப்பட்ட ஜம்புத்தீவுப் பிரகடனத்தை இங்கே நினைத்துக்கொள்ளலாம். காண்பவர் கவனமாகப் படிக்க வேண்டும் என்று தொடங்கி, கிழிப்பவரைப் பாவம் சேரும் என்ற எச்சரிக்கையோடு முடிகிறது அது. வெள்ளையருக்கு எதிராக எல்லாரையும் அழைக்கிறது. ஆனால் பிராமணர், சத்திரியர், வைசியர், சூத்திரர், முஸ்லிம்கள் என்று வகைவகையாகப் பெயர் சொல்லியே அழைக்கிறது. ‘பொதுமக்கள்’ என்று ஒரே சொல்லில் எல்லாரையும் அடக்கிவிடுகிற வசதி அந்தப் பிரதிக்கு இல்லை. எதிரே நிற்பவனின் பிறப்பு தெரியாமல் அவனை விளிப்பது எப்படி என்கிற சிக்கல் அதில் வெளிப்படையாகவே இருக்கிறது.

கேட்காதவன் கையில், காசு வாங்காமல், ஒரு காகிதத்தைத் திணிக்கிற பழக்கத்தை இங்கே பரவலாக்கியவர்கள் மிஷனரிகள். தரங்கம்பாடியில் 1713-ல் தமிழில் அச்சிடத் தொடங்கியவர்களும் அவர்கள்தான். 1818-ல் சென்னையில் இதற்கென்றே துண்டுப் பிரசுர சங்கம் ஒன்று தொடங்கப்பட்டது. சந்தையிலும் திருவிழாவிலும் நின்று, வருகிறவன் எந்தச் சாதி என்று கேட்காமல் கொடுத்தார்கள். சபைகளுக்குள் சாதி எப்படி இருந்தது என்பது வேறு கதை. கொடுக்கிற அந்தக் கணத்தில் கை நீட்டியவன் வாசகன், அவ்வளவுதான். இதைப் பார்த்து 1880களின் பின்பகுதியில் இந்து சமயத் தரப்பும் சென்னையில் தனக்கொரு துண்டுப் பிரசுர சங்கத்தை அமைத்துக்கொண்டது. சமயம் கற்றுக்கொடுத்த இந்த உத்தியை வணிகம் எடுத்துக்கொண்டதாகவே எனக்குப் படுகிறது. அதற்கான வாய்ப்பை 1835-ன் சட்டம் தந்திருந்தது. அச்சகத்தின் மீதான கட்டுப்பாடுகள் அதில் நீங்க, இந்தியர்கள் தடையின்றி அச்சகம் நடத்த முடிந்தது.

1905-ல் திருச்சியில் ரயில்வேயில் வேலை பார்த்த சாமிக்கண்ணு வின்சென்ட் ஒரு பிரெஞ்சுக்காரரிடமிருந்து படம் காட்டும் கருவியை வாங்கிக்கொண்டு ஊர் ஊராகப் புறப்பட்டார். அவருக்குப் பின்னால் பெருகிய டூரிங் சினிமாக்களில்தான் நோட்டீஸ் அதன் முழு வடிவத்தை எடுத்தது எனலாம். மாட்டு வண்டி, மேளம், வண்டியிலிருந்து வீசப்படும் கலர் காகிதம், பின்னால் ஓடும் பிள்ளைகள். 1951 கணக்கெடுப்பில்கூட இந்தியாவில் எழுதப் படிக்கத் தெரிந்தவர் நூற்றுக்குப் பதினெட்டுப் பேர்தான். ஆகவே நோட்டீஸ் வாசிக்கப்பட்டதைவிட அதிகமாகக் கேட்கப்பட்டது. மேளம் சொன்னதற்குக் கையில் கிடைத்த காகிதம் அத்தாட்சி. தெரிந்த ஒருவர் டீக்கடையில் படிக்க, பத்துப் பேர் காது கொடுத்தார்கள். கதையைப் பாதியில் நிறுத்தி, மீதியை வெள்ளித்திரையில் காண்க என்று முடிப்பதைப் பார்த்துப் பார்த்துச் சிரிக்கிறோம். ஒரு துண்டுக் காகிதத்தில் எல்லாவற்றையும் சொல்லக் கூடாது என்கிற அறிவு அதில் இருந்தது.

3

இதற்கு நேர் எதிரில், நோட்டீஸே தேவைப்படாத ஒரு பொருளாதாரம் இருந்ததையும் பார்க்க வேண்டும். நம் அண்ணனின் தகப்பனார் அதில் வாழ்ந்தவர். இத்தனை வீடுகள் அவருக்கு என்று பிறப்பிலேயே வகுக்கப்பட்டிருந்தது. அறுவடையில் களத்து மேட்டில் நெல், கல்யாணம் கருமாதிக்கு வேட்டி, அரிசி. வாடிக்கையாளரைத் தேட வேண்டியதில்லை; விலகிப் போகவும் முடியாது. எந்தத் தெருவுக்குப் போக வேண்டும் என்பதோடு எந்தத் தெருவுக்குப் போகக் கூடாது என்பதும் அந்த ஏற்பாட்டுக்குள் அடக்கம். காலனிக்காரர் தலையில் கை வைத்தவன் எங்கள் தலையில் கை வைக்கக் கூடாது என்று ஊர் சொன்னால் அதற்குமேல் பேச்சில்லை. ஊருக்குள் அவரும் கீழே வைக்கப்பட்டவர்தான். இருந்தும் தனக்கும் கீழே ஒருவரை விலக்கிவைக்கிற வேலை அவரைக் கொண்டே செய்விக்கப்பட்டது. சாதி இயங்கும் விதத்துக்கு இதைவிடக் கச்சிதமான உதாரணம் கிடைக்காது.

1950-ல் நடைமுறைக்கு வந்த அரசியல் சட்டத்தின் 15(2) பிரிவு கடைகளையும் உணவு விடுதிகளையும் பெயர் சொல்லிக் குறிப்பிட்டு, சாதியின் பேரால் யாரையும் உள்ளே வராமல் தடுக்கக் கூடாது என்கிறது. 1955-ன் தீண்டாமைக் குற்றச் சட்டம் அதைத் தண்டனைக்குரியதாக்கியது. கடை வாசல் என்பது அரசியல் சட்டம் தலையிட வேண்டிய இடமாக இருந்தது என்பதே இங்கு கவனிக்க வேண்டியது. 1957-ல் திருவல்லிக்கேணி முரளி கபே முன்னால் பெரியார் நடத்திய மறியல் பெயர்ப்பலகையில் இருந்த ‘பிராமணாள்’ என்கிற ஒரு சொல்லைக் குறித்துத்தான். பலகையில் ஒரு சொல் போதும், யார் மேலே யார் கீழே என்று தெருவுக்கே சொல்லிவிட. கடைக்காரன் எழுதுகிற எழுத்து வெறும் தகவல் அல்ல என்பதைப் பெரியார் நம் பேராசிரியர்களுக்கு முன்பே கண்டுகொண்டார்.

4

இப்போது ஒரு சாதாரணத் திறப்பு விழா நோட்டீஸைக் கையில் எடுத்துக்கொள்வோம். உச்சியில் ஒரு தெய்வத்தின் பெயர், பக்கத்தில் ‘துணை’. முஸ்லிம் கடையென்றால் 786. குலதெய்வத்தின் பெயராக இருந்தால் விஷயம் தெரிந்தவர்களுக்குக் கடைக்காரர் எந்த வகையறா என்பது அங்கேயே முடிந்துவிடும். அடுத்து, திறந்து வைப்பவர், குத்துவிளக்கு ஏற்றுபவர், முதல் விற்பனையைப் பெற்றுக்கொள்பவர் என்று வரிசை. திருவிழா நோட்டீஸில் மண்டகப்படிக்காரர் பெயர்கள் வருகிற அதே ஒழுங்கு. யார் பெயர் மேலே வருவது என்பதில் அங்கே நடக்கிற அதே சண்டை இங்கேயும் நடக்கும். இவ்வளவுக்கும் பிறகு, கீழே தடித்த எழுத்தில், ‘அனைவரும் வருக’.

ஆக, பிரதியின் நடுப்பகுதி எல்லாரையும் அழைக்கிறது. மேல் விளிம்பு யாருடைய கடை என்று சொல்லி அந்த அழைப்பைச் சுருக்குகிறது. படிக்கிறவர்கள் இரண்டையும் சேர்த்தே படிக்கிறார்கள். நான் படித்த வகுப்பறைகளில் பிரதியின் முரண்கள் பற்றி நிறையப் பேசினோம். காலனியிலிருந்து வருகிற ஒரு பையன் நோட்டீஸை வாங்கி மேலேயும் கீழேயும் பார்த்துவிட்டு “இது நமக்கில்ல” என்று மடித்துப் போடுகிறானே, அந்த வாசிப்பு எங்களுக்கு எந்தப் பாடத்திலும் வரவில்லை.

5

அச்சகத்துக்காரர்களிடம் பேசினால் வேறொரு வரலாறு கிடைக்கிறது. டிரெடில் மிஷின் காலத்தில் டெம்மி தாளை எட்டாகவோ பதினாறாகவோ வெட்டுவார்கள். ஐந்நூறு தாள் கொண்ட ஒரு ரீமில் எட்டுக்கு ஒன்றாக நாலாயிரம் நோட்டீஸ் வரும். எழுத்துக் கோக்கிற கூலியும் மிஷினில் ஏற்றுகிற நேரமும் நூறு அடித்தாலும் ஒன்றுதான், ஆயிரம் அடித்தாலும் ஒன்றுதான். அதனால்தான் ஆயிரத்துக்குக் குறைத்து அடிப்பதில்லை என்கிற வழக்கம் வந்தது. ஆப்செட் வந்தபிறகும் இந்தத் தர்க்கம் மாறவில்லை. எத்தனை அடிப்பது என்பதை இப்படி மிஷின் முடிவு செய்கிறது. கடைக்காரருக்கு எத்தனை தேவை என்கிற கேள்வி எழுவதேயில்லை. இந்தக் கேள்வி கேட்காமல் அடித்த நோட்டீஸ்தான் கல்லாப் பெட்டிக்கு அடியில் கட்டுக் கட்டாகக் கிடக்கிறது. படித்ததும் ஆயிரம் அச்சடித்துக் கொடு, கொடுக்காவிட்டால் கேடு வரும் என்று மிரட்டிய சாமி நோட்டீஸ்களால் யாருக்கு நன்மை வந்ததோ தெரியாது, அச்சகங்களுக்கு வந்தது.

அண்ணனும் நானும் உட்கார்ந்து கணக்குப் போட்டோம். இரண்டு நாற்காலி, ஒரு தலைக்கு அரைமணி, பத்து மணி நேரம்: நாளொன்றுக்கு நாற்பது பேர்தான் உச்சம். இப்போது வருவது இருபது. செவ்வாய் விடுமுறை போக மாதம் இருபத்தாறு நாள். மீதி இருபது இடத்தையும் நிரப்ப, மாதம் ஒருமுறை வெட்டிக்கொள்கிற ஆட்கள் 520 பேர் புதிதாக வேண்டும். இரண்டாயிரம் நோட்டீஸ் கொடுத்தால், வாங்கியவரில் நாலில் ஒருவர் வரவேண்டும். வந்து, விடாமல் வந்துகொண்டே இருக்கவேண்டும். எந்தக் காகிதத்துக்கும் அந்தச் சக்தி கிடையாது. நோட்டீஸ் ஒருவரை முதல் தடவை மட்டுமே கூட்டிவரும். இரண்டாம் தடவை கூட்டிவர வேண்டியது கத்தரிக்கோல்.

இருந்தாலும் வேறு சில கடைகளைவிட இந்தக் கடைக்கு நோட்டீஸ் பொருந்தும் என்றே எனக்குத் தோன்றியது. வருகிறவர்கள் நடந்து வருகிற தூரத்தில் இருக்கிறார்கள். தேவை மாதாமாதம் திரும்ப வருகிறது. இடம் மாறியிருக்கிறது, அதாவது சொல்வதற்குப் புதிதாக ஒரு சேதி இருக்கிறது. சேதி இல்லாத நோட்டீஸ் எவ்வளவு வழவழப்பாக இருந்தாலும் வீண். ஆயுளில் ஒருமுறை தேவைப்படுகிற சரக்கை விற்கிறவரோ, வெளியூர் ஆட்களையே நம்பியிருக்கிறவரோ தெருத்தெருவாக நோட்டீஸ் கொடுப்பதில் அர்த்தமில்லை.

அடுத்து, கொடுப்பது எப்படி. செய்தித்தாளுக்குள் வைத்துவிடுங்கள், சுலபம் என்றார் அச்சகத்துக்காரர். பேப்பர் ஏஜென்டிடம் கட்டைக் கொடுத்தால் காலையில் வீட்டு வாசலில் விழுந்துவிடும். ஆனால் எந்த வாசலில்? பேப்பர் வாங்குகிற வாசலில். எங்கள் ஊரில் சில தெருக்களில் வீட்டுக்கு வீடு பேப்பர் விழும்; சில தெருக்களுக்கு டீக்கடையில் ஒரே பேப்பர், நாற்பது கை மாறும். ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் இருக்கிற காலனிக்குப் பேப்பர் பையனின் சைக்கிள் போவதேயில்லை. “வாட்ஸப்ல போட்டுட்டா செலவே இல்லையே” என்றான் அவர் மகன். அதிலும் இதே கதைதான். நம்மிடம் எண் இருக்கிறவர்களுக்குத்தான் அது போகும். சொந்தக்காரர் குரூப், தெரு குரூப், சங்க குரூப். தொழில்நுட்பம் புதிது; போகிற வழி அவருடைய தகப்பனார் காலத்து வழி. முகம் தெரியாத ஒருவர் கையில் போய்ச் சேர்கிற குணம் இந்த அழுக்குக் காகிதத்துக்குத்தான் இன்னும் மிச்சமிருக்கிறது.

6

இங்கே வந்ததும் அண்ணன் கொஞ்சநேரம் பேசவில்லை. பிறகு கேட்டார்: “காலனிக்குக் குடுத்தா, பழைய ஆளுக வருவாகளா தம்பி?”

அவர் முதலில் கேட்ட கேள்வியே இதுதான் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. நோட்டீஸ் சரிப்பட்டு வருமா என்பதை நான் விளம்பரச் சமாச்சாரமாக எடுத்துக்கொண்டேன். தகப்பனாருக்கு வகுத்துக் கொடுக்கப்பட்ட தெருக்களைத் தாண்டிப் போகலாமா என்று அவர் கேட்டிருக்கிறார். எனக்கு இழப்பதற்கு ஒன்றுமில்லை. “தைரியமாக் குடுங்கண்ணே” என்று சொல்லிவிட்டுப் போய்விடலாம். வாடகை கட்ட வேண்டியவர் அவர். அதனால் நான் எதுவும் சொல்லவில்லை.

முடிவு அவருடையது. மேலே என்ன சாமி பேர் போடணும் என்று அச்சகத்தில் கேட்டதற்கு, “ஒண்ணும் வேணாம், கடை பேரு மட்டும் போடுங்க” என்றார். அனைவரும் வருக என்று நான் எழுதியிருந்த வரியை அவரே அடித்துவிட்டு, அந்த இடத்தில் கட்டணத்தை எழுதச் சொன்னார். முடிவெட்ட இவ்வளவு, ஷேவிங்குக்கு இவ்வளவு. அலங்காரச் சொல்லை எடுத்துவிட்டு அவர் விலையைப் போட்டதன் பொருள் எனக்கு மெதுவாகத்தான் புரிந்தது. விலை அச்சில் இருந்தால் அது ஆளுக்கு ஆள் மாறாது. இன்று நேரமில்லை, நாளைக்கு வா என்று ஒருவரை மட்டும் திருப்பி அனுப்புவதும் கடினம், அவர் கையில் காகிதம் இருக்கிறது. அனைவரும் வருக என்பதை யார் வேண்டுமானாலும் எழுதலாம். விலையை எழுதிக் கொடுத்தவர் அதற்குக் கட்டுப்பட வேண்டும்.

இரண்டாயிரம் அடித்தார். பஸ் ஸ்டாண்டிலும் கடைத்தெருவிலும் பையன்கள் கொடுத்தார்கள். ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் அவரே போனார். “பயலுகள அனுப்புனா பாதியிலயே கிணத்துல போட்டுட்டு வந்துருவாய்ங்க” என்று காரணம் சொன்னார். அது மட்டும் காரணமாக இருக்காது என்றுதான் நான் நினைக்கிறேன்.

பழைய தெருவில் மூன்று வீட்டுக்காரர்கள் வருவதை நிறுத்திவிட்டார்கள். காரணம் யாரும் சொல்லவில்லை. மற்றவர்கள் வருகிறார்கள். புதியவர்கள் நாளைக்கு ஏழெட்டுப் பேர். நாங்கள் போட்ட கணக்குக்கு இது பாதிகூட இல்லை. ஆகவே நோட்டீஸ் அடித்தால் கடை நிரம்பும் என்று என்னால் யாருக்கும் சொல்ல முடியாது. அடிக்க நினைக்கிற சிறுகடைக்காரர் அச்சகத்துக்குப் போகுமுன், அந்தக் காகிதம் கடைசியாக எந்தத் தெருவில் போய் நிற்கும் என்று ஒருமுறை யோசித்துக்கொள்ளட்டும் என்று மட்டும் சொல்வேன். அங்கிருந்து ஒருவர் அதைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து நிற்பார். அவரை நாற்காலியில் உட்காரவைக்கத் தயாராக இருக்கிற கடைக்குத்தான் நோட்டீஸ் பொருந்தும்.