தோளில் சுமந்த பெட்டரியும் சட்டைப் பையில் கிடக்கும் பவர் பேங்கும்

 

கொஞ்சம் நீளமான பதிவு. ஒரு பிளேன்டியோடு உட்கார்ந்து வாசியுங்கள்.

டித்வா புயலுக்குப் பிறகு பதுளைப் பக்கம் பவர் பேங்க் இல்லாத வீடு குறைவு. ஆனால் எங்களிடம் வரும் கேள்விகளும் கூடிவிட்டன. "சேர், பத்தாயிரம் என்று போட்டிருக்கு, ஐயாயிரம் பெட்டரி உள்ள போனுக்கு ரெண்டு தரம் ஏறவே இல்லை." "டீச்சர், லைட் எரியுது, ஆனா போனுக்கு ஏறுதில்லை." "வயிறு ஊதின மாதிரி இருக்கு, பாவிக்கலாமா?" பாடசாலையிலும் கேட்கிறார்கள், ஜும்ஆ முடிந்து வெளியே வரும்போதும் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதை விட எழுதிவிடலாம் என்று நினைத்தோம். எழுத உட்கார்ந்தால் விஷயம் பழைய காலத்துக்குப் போய்விட்டது.

எங்கள் மலைகளில் கரண்ட் என்பது முதலில் தேயிலைக்கு வந்தது, மனிதருக்கு அல்ல. பெக்டரியில் உருளைகள் சுற்ற, கொழுந்து காய கரண்ட் வேண்டும். பல தோட்டங்களில் ஓடைத் தண்ணீரை மறித்துத் தாங்களே கரண்ட் எடுத்தார்கள். அடுத்தது துரை பங்களா. லயத்தில் குப்பி லாம்புதான். சீசன் நாட்களில் இரவு முழுக்க பெக்டரி ஜன்னல்கள் பளிச்சென்று எரியும், கீழே லயக் காம்பராவில் பிள்ளைகள் மண்ணெண்ணெய்ப் புகையில் பாடம் படிக்கும். மலைநாட்டு ஆறுகளில் இருந்து நாட்டுக்கே மின்சாரம் எடுக்கலாம் என்று டி. ஜே. விமலசுரேந்திர 1918இல் கட்டுரை வாசித்தார். 1950இல் லக்ஷபான நிலையம் ஓடத் தொடங்கி, மலைத் தண்ணீரின் வெளிச்சம் கொழும்புக்குப் போனது. 1969இல் மின்சார சபை வந்தது. லயங்களுக்குப் பரவலாகக் கம்பி வந்து சேர்ந்தது அதற்கும் எத்தனையோ வருடம் கழித்து, பெரும்பாலும் 90களிலும் அதற்குப் பிறகும். (உமா ஓயாவில் 120 மெகாவாட் நிலையத்தை 2024 ஏப்ரல் 24ஆம் திகதி திறந்தார்கள். அந்தச் சுரங்கம் தோண்டும்போது பண்டாரவளைப் பக்கம் வற்றிப்போன கிணறுகளைப் பற்றி எழுதினால் இன்னொரு பதிவு வேண்டும்.)

கம்பி வராத காலத்தில் எங்கள் ஆட்கள் சும்மா இருக்கவில்லை. கரண்டைச் சுமந்து கொண்டு வந்தார்கள்.

1979இல் ஐ.டி.என்., 1982இல் ரூபவாஹினி. அதற்குப் பிறகு லயத்துக்கு ஒன்று, இரண்டு கறுப்பு வெள்ளை டீ.வி. வரத் தொடங்கியது. ஓட்டியது 12 வோல்ட் கார் பெட்டரி. அது தீர்ந்தால் சாக்கில் சுற்றித் தோளில் வைத்து, குறுக்குப் பாதையால் இறங்கி, பஸ்ஸில் கண்டக்டரின் ஏச்சை வாங்கிக்கொண்டு டவுனுக்குக் கொண்டுபோக வேண்டும். பசறை, ஹாலிஎல, பதுளை என்று எல்லா இடத்திலும் பெட்டரி சார்ஜ் பண்ணும் கடைகள் இருந்தன. இன்று கொடுத்தால் நாளை எடுக்கலாம். அசிட் கசிந்து தோள்பட்டையில் ஓட்டை விழுந்த சட்டைகளை எங்களில் பலர் கண்டிருக்கிறோம். 1996 மார்ச் 17, லாகூரில் உலகக் கிண்ண இறுதிப் போட்டி. அந்த வாரம் முழுக்க நாடகமும் இல்லை, படமும் இல்லை. பெட்டரியை மிச்சம் பிடித்து வைத்தார்கள். அரவிந்த டி சில்வாவின் சதத்தை ஒரு காம்பராவுக்குள் ஐம்பது பேர் நெருக்கியடித்துப் பார்த்தது அப்படித்தான்.

இதில் எங்களுக்கு முக்கியமாகப் படுவது ஒன்று. எழுதப் படிக்கத் தெரியாத பெரியவர்களுக்குக்கூட அந்தப் பெட்டரியின் குணம் தெரிந்திருந்தது. மூடியைத் திறந்து தண்ணீர் மட்டம் பார்ப்பார்கள், குறைந்தால் பெட்டரித் தண்ணிதான் ஊற்றுவார்கள், பீலித் தண்ணியை ஊற்ற விடமாட்டார்கள். முனையில் வெள்ளையும் பச்சையுமாகப் பூத்தால் சுடுதண்ணீரால் கழுவி கிரீஸ் பூசுவார்கள். டீ.வி.யில் படம் நாலு பக்கமும் சுருங்கத் தொடங்கினால், கதாநாயகன் செத்துக்கொண்டிருந்தாலும் சரி, நிறுத்திவிடுவார்கள். அதற்கு மேல் இழுத்தால் பெட்டரி போய்விடும் என்று தெரியும். பிரான்ஸில் காஸ்தோன் பிளாந்தே 1859இல் கண்டுபிடித்த ஈயப் பெட்டரிக்கு நமுனுகுலையிலும் மடூல்சீமையிலும் வைத்தியர்கள் இருந்தார்கள்.

பிறகு போன் வந்தது. தெற்காசியாவிலேயே முதலில் கையடக்கத் தொலைபேசி வந்த நாடு எங்களுடையது, 1989இல். லயத்துக்கு வர இன்னும் பதினைந்து வருடம் பிடித்தது. வெளிநாட்டில் வீட்டு வேலைக்குப் போன தாயின் குரலைக் கேட்க வந்த சாமான் அது, ஆடம்பரத்துக்கு வந்தது அல்ல. நோக்கியா போனின் பெட்டரியைக் கழற்றலாம், மாற்றலாம், ஊதியிருந்தால் மேசையில் வைத்துச் சுழற்றிப் பார்த்தே கண்டுபிடிக்கலாம். 2007இல் நோக்கியா தன் பி.எல்.-5சி பெட்டரிகளில் 4 கோடி 60 இலட்சம் சூடாகக்கூடும் என்று உலகம் முழுக்க அறிவித்தபோது எங்கள் ஆட்களும் கழற்றி இலக்கம் பார்த்தார்கள். இன்றைய போனையும் பவர் பேங்கையும் திறக்க முடியாது. மூடி போனதோடு அந்த அறிவும் போய்விட்டது என்பது எங்கள் எண்ணம்.

பவர் பேங்குக்குள் இருப்பது லிதியம் அயன் பெட்டரி. ஜப்பானில் அகிரா யோஷினோ 1985இல் அதற்கு வடிவம் கொடுத்தார், 1991இல் சோனி கடைக்குக் கொண்டுவந்தது, 2019இல் அவருக்கும் குடினஃப், விட்டிங்ஹாம் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. எங்கள் வீடுகளுக்குள் அதைக் கொண்டுவந்தது கொரோனாவும் 2022உம். பாடசாலை மூடிய நாட்களில் சிக்னல் தேடி மலை உச்சிக்குப் போன பிள்ளைகளுக்கு அங்கே பிளக் இல்லை. 2022 மார்ச் 31இல் 13 மணி நேர மின்வெட்டு. மூன்று நாளில் நோன்பு தொடங்கியது. கேஸும் இல்லை, மண்ணெண்ணெயும் இல்லை. போன் வெளிச்சத்தில் நோன்பு திறந்த நாட்களை மறக்க முடியாது. அடுத்த வருடம் உயர்தரப் பரீட்சை நேரத்திலும் மின்வெட்டு. குப்பி லாம்பில் படித்தவர்களின் பேரப்பிள்ளைகள் பவர் பேங்கில் செருகிய சின்ன யூ.எஸ்.பி. பல்ப்பில் படித்தார்கள்.

இப்போது அந்தக் கேள்விகளுக்கு வருவோம்.

பத்தாயிரம் ஏன் பத்தாயிரமாக இல்லை? அந்த இலக்கம் உள்ளே இருக்கும் 3.7 வோல்ட் பெட்டரிக்கு உரியது. பெருக்கினால் 37 வாட் மணி. போனுக்கு 5 வோல்ட்டாக ஏற்றிக் கொடுக்கும்போது 7400 ஆகிறது, சூடாக வீணாவது போக 6000, 6500தான் மிஞ்சும். ஐயாயிரம் பெட்டரி உள்ள போனுக்கு ஒன்றரைத் தரம் ஏறினால் அது நல்ல சாமான், ஏமாற்று அல்ல. ஒப்பிட்டுப் பாருங்கள்: தோளில் சுமந்த 12 வோல்ட், 40 அம்பியர் மணி பெட்டரி 480 வாட் மணி. பதின்மூன்று பவர் பேங்க்!

ஏமாற்று வேறு இடத்தில் இருக்கிறது. நடைபாதையில் "50000" என்று போட்ட ஒன்றை எங்கள் வீட்டுக்கே வாங்கிவந்தோம். ஒரு தரம்கூட முழுதாக ஏறவில்லை. ரிப்பேர் செய்பவர் திறந்தார். ஒரேயொரு பெட்டரி, பக்கத்தில் பாரத்துக்கு ஒரு சின்னப் பை மணல். உண்மையான 10000 கிட்டத்தட்ட 200 கிராம் இருக்கும், 20000 என்றால் 350 கிராமுக்கு மேல். கையில் வைத்தே சொல்லலாம். எங்கள் பெரியவர்களும் பெட்டரியைத் தூக்கிப் பார்த்துத்தான் வாங்கினார்கள்.

லைட் எரிகிறது, போனுக்கு ஏறவில்லை என்றால் முதலில் வயரை மாற்றுங்கள். பாதிக்கு மேல் வயர்தான் குற்றவாளி. அடுத்தது போனின் துளை. சட்டைப் பைப் பஞ்சும் தேயிலைத் தூசும் அதில் இறுகிக் கிடக்கும், போனை அணைத்துவிட்டு மரக் குச்சியால் மெல்ல எடுங்கள், ஊசி வேண்டாம். மழையில் நனைந்திருந்தால் காயும்வரை செருகவே கூடாது. காதில் மாட்டும் சின்ன ஹெட்செட்டுக்குப் போட்டால் சற்று நேரத்தில் தானாக நின்றுவிடுகிறதா? பழுது அல்ல. இழுக்கும் கரண்ட் மிகக் குறைவாக இருந்தால், ஒன்றும் செருகவில்லை என்று நினைத்துப் பவர் பேங்க் தூங்கிவிடும். பட்டனை மறுபடி அழுத்துங்கள். மாதக் கணக்கில் அலுமாரியில் கிடந்து அசைவே இல்லை என்றால் சாதாரண சார்ஜரில் சில மணி நேரம், கண்பார்வையில் வைத்துப் பாருங்கள். அப்போதும் எழும்பாவிட்டால் விட்டுவிடுங்கள். பூச்சியத்துக்கு இறங்கிக் கிடந்த லிதியம் பெட்டரியை வலிந்து எழுப்புவது ஆபத்து.

ஒரு பழக்கத்தைச் சொல்லியே ஆக வேண்டும். ஈரம் படாமல் இருக்கட்டும் என்று அடுப்புக்கு மேலே பலகையில் வைக்கிறார்கள். கருவாட்டுக்கு அது சரி. லிதியத்துக்குச் சூடுதான் எமன். தலையணைக்குக் கீழே வைத்துச் சார்ஜ் போடுவதும் அப்படித்தான். ஊதிவிட்டால் அன்றோடு அதன் வாழ்க்கை முடிந்தது: சார்ஜ் போடாதீர்கள், குத்தாதீர்கள், குப்பையோடு எரிக்காதீர்கள். வீட்டுக்கு வெளியே மழை படாத இடத்தில் ஒரு சட்டி மணலில் வைத்து, சுற்றாடல் அதிகார சபையின் அனுமதி பெற்ற மின்கழிவு சேகரிப்பவரிடம் ஒப்படையுங்கள். காய்ந்த பலகையும் தகரமுமான ஒரு லயத்தில் ஒரு காம்பரா பற்றினால் பக்கத்துக் காம்பராக்கள் மிஞ்சுமா?

உம்ராவுக்கும் வேலைக்கும் போகிறவர்கள் கவனிக்க: பவர் பேங்க் கைப்பையில்தான், பெட்டியில் போடவே கூடாது. 100 வாட் மணிக்குள் இருக்க வேண்டும், இருபதாயிரம் என்றால் 74தான், பரவாயில்லை. எமிரேட்ஸ் 2025 ஒக்டோபர் 1 முதல் ஒருவருக்கு ஒன்று மட்டும் அனுமதிக்கிறது, விமானத்துக்குள் பாவிக்க விடுவதில்லை. அந்த வருட ஜனவரியில் கொரியாவில் எயார் பூசான் விமானம் தரையில் நின்றபடியே எரிந்ததில் சந்தேகம் பவர் பேங்க் மேல்தான் விழுந்தது.

கடைசியாக மழை. கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண் சரிந்தது 2014 ஒக்டோபர் 29. டித்வா வந்தது 2025 நவம்பர் கடைசியில், நாடு முழுக்க 600க்கு மேற்பட்டோரைக் கொண்டுபோனது, பதுளை மாவட்டம் மிக மோசமாக அடிபட்ட இடங்களில் ஒன்று. எங்கள் பெருமழை ஒக்டோபரில் இருந்து ஜனவரி வரை. அந்த நாட்களில் கரண்ட் போனது, பாதை போனது, கொஞ்ச நேரத்தில் டவர்களும் போயின. நிறையப் பேர் சொன்னார்கள், "பவர் பேங்க் இருந்தும் போன் ஒரு நாள்கூட நிற்கவில்லை" என்று. காரணம் இதுதான்: டவர் இல்லாத இடத்தில் போன் விடாமல் சிக்னலைத் தேடிக்கொண்டே இருக்கும், அதில் பெட்டரி கரைந்துவிடும். ஃபிளைட் மோடில் போட்டு, மணிக்கு ஒரு தரம் திறந்து பாருங்கள். லயத்தில் பத்துப் போன் இருந்தால் ஒன்பதை அணைத்துவிட்டு ஒன்றை மட்டும் உயிரோடு வைத்திருக்கலாம். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம் 117. அதை அழைக்க ஒரு போன் போதும். வழமையாகப் பவர் பேங்கைப் பாதி நிரப்பி வைப்பது அதன் ஆயுளுக்கு நல்லது. ஒக்டோபர் பிறந்துவிட்டால் அதைப் பார்க்க வேண்டாம், முழுதாக நிரப்பி வையுங்கள்.

டவுனில் பெட்டரி சார்ஜ் பண்ணிய பழைய கடைகளில் வேலை செய்தவர்கள், ஒரு பெட்டரிக்கு எவ்வளவு எடுத்தார்கள் என்று ஞாபகம் உள்ளவர்கள் கீழே எழுதுங்கள். பெட்டரி சுமந்த மரப் பெட்டியோ சாக்குத் தொட்டிலோ யாரிடமாவது இன்னும் இருந்தால் ஒரு படம் போடுங்கள். பிள்ளைகளுக்கு வகுப்பில் காட்ட வேண்டும்.

வஸ்ஸலாம்.