அச்சிட்டவர் முகவரி

எண்பதுகளின் பிற்பகுதியில் பிரிக்ஃபீல்ட்ஸில் அச்சான கோயில் மலர் ஏதாவது உங்கள் வீட்டு அலமாரியில் இருந்தால், கடைசிப் பக்கத்தின் அடியைப் பாருங்கள். தேவாரம், தலைவர் உரை, நன்கொடையாளர் பட்டியல் எல்லாம் தமிழில் இருக்கும். அடியில் ஒரே ஒரு வரி மட்டும் பொடி எழுத்தில் மலாயில் ஓடும். 'டிசெதாக் ஓலே' (அச்சிட்டவர்) என்று தொடங்கி அச்சகத்தின் பெயர், கதவிலக்கம், சாலை, 50470 கோலாலம்பூர்.

அலங்காரத்துக்குப் போட்ட வரி இல்லை அது. 1984ஆம் ஆண்டின் அச்சகங்கள், வெளியீடுகள் சட்டம் கேட்ட வரி. அச்சிட்டவர், வெளியிட்டவர் இருவரின் பெயரும் முகவரியும் தேசிய மொழியிலோ ஆங்கிலத்திலோ முதல் தாளிலோ கடைசித் தாளிலோ இருக்க வேண்டும். அவசரகாலம் பிறந்த 1948இலேயே வெள்ளைக்காரன் அச்சு இயந்திரங்களுக்கென்று ஒரு சட்டம் போட்டிருந்தான். காகிதம் எங்கிருந்து வந்தது என்று தெரிய வேண்டும். எந்த அரசாங்கத்துக்கும் இருக்கும் ஆசைதான். அச்சுக்கோக்கும் எங்களுக்கு அது கூடுதல் வேலை. தமிழ்ப் பெட்டியிலிருந்து மலர் முழுவதையும் கோத்து முடித்து, மையைக் கழுவப் போகும் நேரத்தில் அந்த ஒரு வரிக்காக ஆங்கில எழுத்துப் பெட்டியை இழுக்க வேண்டும். ஆறு பாயிண்டு எழுத்து. கண் பிதுங்கும்.

நான் 1976இல் பள்ளியை விட்டதும் ஜாலான் தம்பிப்பிள்ளைப் பக்கம் ஒரு கடைவீட்டுக் கீழ்த்தளத்தில் கம்பாசிட்டர் வேலைக்குச் சேர்ந்தேன். ஸ்டிக்கில் வரி வரியாகக் கோத்து, கேலியில் இறக்கி, நூல் கட்டி, புரூஃப் எடுத்து, பாரத்தில் பூட்ட வேண்டும். வேலைக்குப் பஞ்சமில்லை. கல்யாணப் பத்திரிகை, ரயில்வேக்காரர்களின் சங்க அறிக்கை, தைப்பூசம் நெருங்கினால் தண்ணீர்ப்பந்தல் நோட்டீஸ். இரவு பத்து மணிக்கு யாராவது இரும்புக் கதவைத் தட்டினால் அது கண்ணீர் அஞ்சலி என்று தெரிந்துகொள்வோம். காலையில் சவ ஊர்வலம். அதற்குள் தாள் வேண்டும். எங்கள் தொழில் நடந்ததே நாங்கள் இருந்த இடத்தில் இருந்ததால்தான். கிள்ளான் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து பஸ் ஏறி வருகிறவருக்கு அச்சகத்தின் பெயர்கூட நினைவிருக்காது. சட்டைப்பையில் பழைய பில் இருக்கும். அதிலிருக்கும் முகவரியைக் கேட்டுக் கேட்டு வந்துவிடுவார்.

அந்த முகவரியும் ஒருமுறை காலை வாரியது. 1979இல் மலேசிய இந்தியர் தலைவர் துன் சம்பந்தன் மறைந்தார். பிறகு பிரிக்ஃபீல்ட்ஸ் ரோட்டுக்கு அவர் பெயர் வைக்கப்பட்டது. பழைய பில்லோடு வந்தவர்கள் பெயர்ப்பலகையைப் பார்த்துவிட்டு நடுத்தெருவில் நின்றார்கள். "அண்ணே, பிரிக்ஃபீல்ட்ஸ் ரோடு எங்கண்ணே போச்சு?" ரோடு எங்கும் போகவில்லை. நாங்களும் போகவில்லை. அவர் கையிலிருந்த தாள்தான் பழசு. இதைச் சொல்லக் காரணம் இருக்கிறது, பின்னால் வருகிறேன்.

எங்கள் ஈய எழுத்து சென்னையில் வார்த்தது. கப்பலில் போர்ட் கிள்ளான் வரும். தேய்ந்த எழுத்துக்கு மாற்று வேண்டுமென்றால் முதலாளி கடிதம் எழுதிவிட்டுச் சிதம்பரம் கப்பல் எப்போது என்று விசாரிப்பார். ஊருக்குப் போய்த் திரும்புகிற ஆள் மூட்டையோடு மூட்டையாகக் கொண்டு வந்த நாளும் உண்டு. 1985 பிப்ரவரியில் அந்தக் கப்பல் நடுக்கடலில் தீப்பிடித்தது. பல பேர் மாண்டார்கள். சென்னைக்கும் இந்தக் கரைக்கும் இடையிலான பயணக் கப்பல் போக்குவரத்து அதோடு முடிந்தது.

அதே 1985இல்தான் கவிஞர் முரசு நெடுமாறனின் மகன் முத்து நெடுமாறன் கணினியில் தமிழ் எழுத்தை உருவாக்கத் தொடங்கினார். பின்னாளில் அது முரசு அஞ்சல் என்ற மென்பொருள் ஆயிற்று. கப்பலில் வந்துகொண்டிருந்த எழுத்து உள்ளூரிலேயே, எடையில்லாமல், பிறந்தது. கப்பல் நின்ற வருடமும் இதுவும் ஒன்றாக அமைந்தது தற்செயல். ஆனால் எழுத்துப் பெட்டிமுன் நின்றவனுக்கு அந்த வருடம் மறக்காது. ஆப்பிள் நிறுவனம் லேசர்ரைட்டர் என்ற லேசர் பிரிண்டரை வெளியிட்டதும், பக்கம் அமைக்கும் மென்பொருளான பேஜ்மேக்கர் வந்ததும் அதே வருடம். இரண்டும் எங்கள் தெருவுக்கு வந்து சேரச் சில காலம் பிடித்தது. வந்ததும் பெட்டிகளை எடைக்குப் போட்டோம். முதலாளி முகம் கொடுத்துப் பேசவில்லை. எடைக்காரன் தந்த தொகையை எண்ணினார், மேசைக்குள் வைத்தார். நான் விசைப்பலகை பழகினேன்.

லேசர்ரைட்டரில் ஒரு நல்ல குணம் இருந்தது. ஒரே கம்பியில் பல கணினிகள் அதைப் பங்கு போட்டுக்கொள்ளலாம். ஒவ்வொரு கருவியும் விழித்ததும் தனக்கு ஒரு எண்ணைத் தானே எடுத்துக்கொண்டு, "இது யாருக்காவது இருக்கிறதா?" என்று கேட்டு உறுதி செய்துகொள்ளும். எண் நாளுக்கு நாள் மாறலாம், அதனால் ஒன்றும் கெட்டுவிடாது. ஏனென்றால் கணினி பிரிண்டரைப் பெயர் சொல்லித்தான் தேடும். தோட்டத்துப் பெரியவர் பில்லை மடித்து வைத்துவிட்டு அச்சகக்காரர் பெயரைச் சொல்லிக் கேட்டிருந்தால் நேரே வந்திருப்பார் அல்லவா, அந்த மாதிரி. இந்த ஏற்பாடு பரவலாக நிலைக்கவில்லை. 1993இல் டிஎச்சிபி என்ற முறை எழுதப்பட்டது. வீட்டுக்குள் வரும் கருவிகளுக்கு ரூட்டர் எண் கொடுக்கும், ஆனால் வாடகைக்கு. தவணை முடிந்தாலோ, மின்சாரம் போய் வந்தாலோ, அதே எண் திரும்பக் கிடைக்கும் என்று உத்தரவாதமில்லை.

2020 மார்ச் 18இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தது. பள்ளிகள் மூடின, இல்லிருப்புக் கற்றல் தொடங்கியது. ஆசிரியர்கள் பயிற்சித் தாள்களைப் புலனத்தில் (வாட்ஸ்அப்) அனுப்ப, கிள்ளானில் தாமான் ஸ்ரீ அண்டலாஸ் முதல் தாமான் செந்தோசா வரை வீட்டுக்கு வீடு பிரிண்டர் ஏறியது. ஒரு தலைமுறைக்கு முன் ஒரு தெருவுக்கு ஓர் அச்சகம். இப்போது ஒரு கூடத்துக்கு ஒன்று. ஓய்வில் இருந்த எனக்கு அழைப்புகள் தொடங்கின. எல்லோரும் ஒரே வாக்கியத்தைத்தான் சொன்னார்கள். "அங்கிள், நேத்து வரைக்கும் நல்லா அடிச்சிச்சு. இன்னிக்கு ஆஃப்லைன்னு காட்டுது. லைட்டு எரியுது, ஒண்ணும் கெட்டுப் போகல."

உண்மைதான், ஒன்றும் கெட்டுப் போகவில்லை. பிரிண்டர் வீட்டில்தான் இருக்கிறது. கணினி நேற்றைய எண்ணைப் பில்லில் வைத்துக்கொண்டு தெருவில் நிற்கிறது. பெரும்பாலான வீடுகளில் இதுதான் சங்கதி. பிரிண்டரின் சிறு திரையில் அல்லது அது அடித்துத் தரும் நெட்வொர்க் அறிக்கைத் தாளில் இன்றைய எண்ணைப் பார்ப்பேன். கணினியில் போர்ட் என்ற இடத்தில் இருக்கும் எண்ணோடு ஒப்பிட்டால் இரண்டும் வேறாக இருக்கும். விண்டோஸ் தானே கண்டுபிடித்துச் சேர்த்த டபிள்யூஎஸ்டி போர்ட் என்றால் அதை நான் நம்புவதில்லை. எடுத்துவிட்டு, டிசிபி ஐபி போர்ட் ஒன்றை எண்ணோடு புதிதாகச் சேர்ப்பேன். எண் சரியாக இருந்தும் ஆஃப்லைன் என்றால், அந்தப் போர்ட்டின் அமைப்புக்குள் எஸ்என்எம்பி என்று ஒரு கட்டம் இருக்கும். கணினி அவ்வப்போது "இருக்கிறாயா?" என்று பிரிண்டரிடம் கேட்கும் வழி அது. தூங்குகிற பிரிண்டர் பதில் சொல்லாவிட்டால் இல்லை என்று எழுதிவிடும். டிக்கை எடுத்துவிட்டால் கேட்காது, அடிக்க மட்டும் செய்யும்.

பிரிண்டர் பேசாமல் போவதால் வந்த எரிச்சலுக்கு உலகப் புகழே உண்டு. 1980 வாக்கில் அமெரிக்காவின் எம்ஐடியில் ரிச்சர்ட் ஸ்டால்மன், பழைய ஜெராக்ஸ் பிரிண்டரில் தாள் சிக்கினால் காத்திருப்பவர்களுக்குச் செய்தி போகும்படி நிரலைத் திருத்தி வைத்திருந்தார். புதிய இயந்திரம் வந்தபோது அதன் மூல நிரலைத் தர மறுத்துவிட்டார்கள். 1983இல் அவர் அறிவித்த க்னூ என்ற கட்டற்ற மென்பொருள் திட்டத்துக்கு இதையும் ஒரு காரணமாகச் சொல்வார்கள். நான் அந்த அளவுக்குக் கோபித்துக்கொண்டதில்லை.

இன்னொரு குற்றவாளி சுவர். 1881இல் தீயும் வெள்ளமும் கோலாலம்பூரைத் தின்ற பிறகு, பலகையும் அத்தாப்பும் வேண்டாம், செங்கல்லும் ஓடும் வைத்துக் கட்டு என்று பிரிட்டிஷ் ரெசிடென்ட் சுவெட்டன்ஹாம் உத்தரவிட்டார். அந்தச் செங்கல்லைச் சுட்ட சூளைகளால்தான் பிரிக்ஃபீல்ட்ஸுக்கு அந்தப் பெயர். அன்று பிடித்த செங்கல் பழக்கம் கிள்ளான் பள்ளத்தாக்கை இன்னும் விடவில்லை. தொடர்வீட்டில் ரூட்டர் முன்கூடத்தில் கம்பி நுழையும் இடத்தில் இருக்கும், பிரிண்டர் சமையலறையை ஒட்டிய அறையில். நடுவே இரண்டு சுவர். மலிவுப் பிரிண்டர்களில் பல 2.4 கிகாஹெர்ட்ஸில் மட்டுமே பேசும், அது ஒரு விதத்தில் நல்லது. 5 கிகாஹெர்ட்ஸைவிடச் சுவரை நன்றாகத் தாண்டும். விருந்தினருக்கென்று தனியாக விட்ட வைஃபையில் பிரிண்டரைச் சேர்த்தால் மட்டும் காலம் முழுக்க ஆஃப்லைன்தான். அங்கே கருவிகள் ஒன்றையொன்று பார்க்க முடியாதபடி பூட்டு இருக்கும்.

வீட்டுக்கு வீடு பிரிண்டர் என்றதும் அந்தப் பழைய 84ஆம் ஆண்டுச் சட்டம் நினைவுக்கு வரும். அதில் உரிமம் கேட்கும் பிரிவில் அச்சு இயந்திரத்துக்கு ஒரு வரையறை உண்டு: மணிக்கு 1,000 பிரதியோ அதற்கு மேலோ அடிக்கக்கூடியது. எங்கள் ஹைடல்பெர்க் 5,000 வரை போகும், மறுபேச்சில்லை. மை தெளிக்கும் வீட்டுப் பிரிண்டர் நிமிடத்துக்குப் பத்துப் பக்கம் என்றால் மணிக்கு 600, தப்பித்தது. நிமிடத்துக்கு இருபது அடிக்கும் சின்ன லேசர் 1,200ஐத் தொட்டுவிடுகிறது. எழுத்துக்கு எழுத்து பார்த்தால் ஒரு டீச்சரம்மா வீட்டுக் கூடம் கோட்டைத் தாண்டுகிறது. நல்லவேளை, யாரும் வந்து எண்ணுவதில்லை.

பிரிண்டர் பார்க்கப் போகும் வீடுகளிலெல்லாம் நான் கடைசியாகச் செய்வது ஒரே வேலை. ரூட்டருக்குள் போய், அந்தப் பிரிண்டரின் மேக் முகவரிக்கு ஓர் எண்ணை ஒதுக்கி வைப்பேன். வேறு யாருக்கும் அது போகாது. பிறகு எண்ணை மார்க்கரில் பிரிண்டரின் மூடியில் எழுதுவேன். இணைய நிறுவனத்தை மாற்றினால் ரூட்டரும் மாறும், ஒதுக்கியது போய்விடும், திரும்பக் கூப்பிடுங்கள் என்று சொல்லிவிட்டுத்தான் கிளம்புவேன். கூப்பிடுகிறார்கள். ஐம்பது வெள்ளி வாங்குகிறேன். தமிழ்ப்பள்ளி ஆசிரியர் என்றால் டீத்தண்ணியோடு சரி.