பூனாகலையில் ஓட்டு வந்த வழி

தாத்தாவின் டிரங்குப் பெட்டியில் அடியில ஒரு பழுப்புக் கடதாசி இருக்கும். பிரஜாவுரிமைப் பத்திரம். காணி உறுதி மாதிரி அதைச் சுற்றி வைத்திருந்தார். சின்ன வயசில் எனக்கு அது வேடிக்கை. இந்த நாட்டில் பிறந்தவருக்கு எதுக்கு இப்படியொரு பத்திரம்? அந்தக் கேள்விக்குப் பதில் தேடப் போனால் 1931 வரைக்கும் போக வேண்டியிருக்கு.

அந்த வருஷம் டொனமூர் அரசியலமைப்பு வந்தது. ஆண், பெண் எல்லாருக்கும் ஓட்டு. ஆனால் தோட்டத்து ஆட்களுக்கு மட்டும் ஒரு முடிச்சு போட்டார்கள்: இங்கேயே நிலையாக இருக்கிறவர் என்று காட்ட வேண்டும். அப்படியும் 1931இல் சுமார் ஒரு லட்சம் இந்திய வம்சாவளியினர் இடாப்பில் ஏறினார்கள். 1939இல் அது சுமார் 2 லட்சத்து 25 ஆயிரம். கூடக் கூட மேலே பயமும் கூடியது. 1940க்குப் பிறகு பதிவுச் சோதனை இறுகி, எண்ணிக்கை கீழே இறங்கியது.

அதே 1931இல் யாழ்ப்பாணத்தில் வேறொரு கதை நடந்தது. சுயராச்சியம் முழுசா இல்லாத அரசியலமைப்பு எங்களுக்கு வேண்டாம் என்று யாழ்ப்பாண இளைஞர் காங்கிரஸ் தேர்தலைப் பகிஷ்கரித்தது. வடக்கின் நான்கு ஆசனங்கள் காலியாகக் கிடந்து, 1934இல்தான் நிரம்பின. அவர்களின் கொள்கையை நான் குறைசொல்ல மாட்டேன், நெஞ்சில் நெருப்பிருந்த ஆட்கள். ஆனால் சட்டசபை அவர்களுக்காகக் காத்துக்கொண்டு இருக்கவில்லை.

நம்ம பக்கம் 1947 தேர்தலில் இலங்கை இந்தியன் காங்கிரஸ் நன்றாகவே வென்றது. நுவரெலியாவில் சௌமியமூர்த்தி தொண்டமான், தலவாக்கலையில் சி.வி. வேலுப்பிள்ளை என்று லயத்து ஓட்டு பாராளுமன்றத்துக்கு ஆள் அனுப்பியது. தாங்கள் வெல்லாத இடங்களிலும் இடதுசாரிகளுக்குப் பலம் சேர்த்தது. அந்த வெற்றிதான் வினையும் ஆனது. 1948இல் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. 1949இல் இந்திய, பாகிஸ்தானிய வதிவாளர் பிரஜாவுரிமைச் சட்டமும் தேர்தல் திருத்தச் சட்டமும் வந்தன. பிரஜை இல்லாதவருக்கு ஓட்டு இல்லை. ஐந்து வருஷத்துக்கு முன் ஆள் தெரிவு செய்த சனம், 1952 தேர்தலில் வேடிக்கை பார்த்தது.

சட்டத்தின் பேரில் ‘பாகிஸ்தானிய’ என்று இருப்பதைக் கவனிங்க. நம்ம கதை என்று மட்டும் நினைத்துப் படிக்கிறோம். ஆனால் இந்தியாவிலிருந்து வந்து கடை வைத்திருந்த முஸ்லிம் வியாபாரிகளும் இதே வரிசையில்தான் நின்றார்கள்.

விண்ணப்பம் போட என்ன வேண்டும்? 1946 ஜனவரி 1க்கு முன்னால், கல்யாணம் ஆனவர் 7 வருஷமும் ஆகாதவர் 10 வருஷமும் தொடர்ந்து இங்கே இருந்ததாகக் காட்ட வேண்டும். பிறப்பே பதியாத லயத்தில் எங்கே போவது அத்தாட்சிக்கு? ஊருக்குப் போய் அம்மாவைப் பார்த்துவிட்டு வந்த நாட்களும் கணக்குக் கேட்டன. முதலில் காங்கிரஸ் இந்தச் சட்டத்தைப் பகிஷ்கரித்தது. அநியாயச் சட்டத்துக்கு விண்ணப்பம் போட்டால் அதை ஏற்றுக்கொண்டதாகிவிடும் என்பது வாதம். பிறகு மனம் மாறி, போடுங்கள் என்றது. கடைசி நாள் 1951 ஆகஸ்ட் 5. அதற்குள் அடித்துப்பிடித்து சுமார் 2 லட்சத்து 37 ஆயிரம் விண்ணப்பங்கள், 8 லட்சத்துக்கும் மேற்பட்ட ஆட்களுக்காக. கடைசியில் பிரஜையானவர்கள் சுமார் 1 லட்சத்து 34 ஆயிரம் பேர்தான். தாத்தா அதில் ஒருவர். அவரோட அண்ணன் இல்லை.

1964 சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் மீதிப் பேரை எண்ணிக்கையாகப் பிரித்தது: 5 லட்சத்து 25 ஆயிரம் இந்தியாவுக்கு, 3 லட்சம் இங்கே, ஒன்றரை லட்சம் பிறகு பார்க்கலாம். அந்த ஒன்றரை லட்சத்தை 1974இல் பாதிபாதி பங்கு போட்டார்கள். தலைமன்னார் போன ரயிலுக்கு சனம் வைத்த பேர் அழுகைக் கோச்சி. அண்ணன் குடும்பம் அதில்தான் போனது என்று அப்பாயி சொல்லுவாங்க. அதற்கு மேல் பேச மாட்டாங்க.

ஓட்டு இல்லாத அந்த வருஷங்களில்தான் 1973, 74 பஞ்சம் தோட்டங்களை அடித்தது. பசியில் செத்தவர்களுக்காக அடுத்த தேர்தலில் யாரும் பதில் சொல்ல வேண்டியிருக்கவில்லை. எனக்கு இந்த வரலாற்றில் மிகவும் உறுத்துவது இதுதான்.

திரும்பி வந்ததும் துண்டு துண்டாகத்தான். 1986, 1988 சட்டங்கள், கடைசியாக 2003. 1964 அக்டோபர் 30 முதல் இங்கே இருந்தவரும் அவர் வாரிசும் பிரஜை. அதன் பலன் பதுளையில் தெரிகிறது. 2015இல் வடிவேல் சுரேஷும் அரவிந்தகுமாரும், 2024இல் அம்பிகா சாமுவேலும் கிட்ணன் செல்வராஜும் பதுளையிலிருந்து பாராளுமன்றம் போனார்கள். அவர்களை விமர்சிக்க எனக்கும் நிறைய இருக்கு. ஆனால் விமர்சிக்க ஒரு ஆள் கிடைப்பதே 1952இல் நமக்கு இல்லாத சலுகை.

ஓட்டு வந்ததும் எல்லாம் வந்துவிட்டது என்றில்லை. 1987ஆம் ஆண்டு பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவால் சபைப் பணத்தைத் தோட்டத்துக்குள் செலவழிக்கவே முடியவில்லை. நம்ம ஓட்டில் வந்த சபை நம்ம பாதைக்குக் கல் போட முடியாது! 2018இல்தான் அதைத் திருத்தினார்கள்.

இன்னொன்று, முகவரி. 1990 அக்டோபரில் வடக்கிலிருந்து விரட்டப்பட்ட முஸ்லிம்கள் புத்தளத்தில் வாழ்ந்தார்கள், பலருக்கு ஓட்டு மன்னாரில். 2019 ஜனாதிபதித் தேர்தலன்று அங்கே ஓட்டுப் போடப் போனவர்களின் பஸ்கள் தந்திரிமலைப் பக்கம் சுடப்பட்டன. அப்படியும் போய்ப் போட்டார்கள். நம்ம பக்கம், 2014 அக்டோபர் 29இல் மீரியபெத்தை மண்ணுக்குள் போனபோது ஆளோடு அடையாள அட்டையும் பிறப்புப் பத்திரமும் புதைந்தன. 2023 மார்ச்சில் பூனாகலை கபரகலையிலும் மண் சரிந்து லயங்களை விட்டு சனம் வெளியேறியது. வீடு மாறினால் இடாப்பும் மாற வேண்டும். கொழும்பில் கடையில் வேலை செய்கிற தம்பிகளின் பேர் ஊரில் இருக்கா, வெட்டிவிட்டார்களா என்று அவர்களுக்கே தெரியாது.

2021இல் சட்டத்தைத் திருத்தி, வருஷ நடுவில் 18 வயதாகிறவர்களுக்கும் துணை இடாப்பில் இடம் கொடுத்தார்கள். போன கிழமை எங்க லயத்தில் ஏழு பிள்ளைகளிடம் கேட்டேன், ஐந்து பேர் கிராம உத்தியோகத்தரைப் பார்த்ததே இல்லை என்றார்கள். ஞாயிற்றுக்கிழமை அடையாள அட்டைகளை எடுத்துக்கொண்டு கோயிலடிக்கு வரச் சொல்லியிருக்கேன். தாத்தாவின் பத்திரத்தையும் கொண்டுபோகலாம் என்று இருக்கேன், அப்பாயி பெட்டிச் சாவியைக் கொடுத்தால்.