கவுன் எப்போது பெண்ணுக்கு மட்டுமானது?

2020 டிசம்பர் மாதத்து அமெரிக்க 'வோக்' இதழின் அட்டையில் ஆங்கிலப் பாடகர் ஹாரி ஸ்டைல்ஸ் நீளமான கவுன் அணிந்து நின்றார். அந்த இதழின் அட்டையில் ஓர் ஆண் தனியாக இடம்பெற்றது அதுவே முதல் முறை. பாராட்டியவர்களும் கண்டித்தவர்களும் ஒரு விஷயத்தில் ஒத்துப்போனார்கள்: காலங்காலமாக இருந்துவந்த ஒரு வழக்கத்தை அவர் மீறிவிட்டார் என்பதில். ஒரு சாரார் அதைத் துணிச்சல் என்றனர், மறு சாரார் ஆண்மைக்கு இழுக்கு என்றனர். ஆனால் மேற்குலகின் உடை வரலாற்றைப் பின்னோக்கிப் படித்தால் இருவரும் நம்பிய அந்தக் 'காலங்காலம்' ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளோடு முடிந்துவிடுகிறது. ஆண் கவுன் அணியக் கூடாது என்ற விதி அண்மையில் வகுக்கப்பட்டது. அதைக் காத்து நிற்பது உடற்கூறும் அல்ல, மரபும் அல்ல. பெண்ணுக்குரியது எதுவானாலும் அது தாழ்ந்தது என்ற மதிப்பீடே அதைக் காத்து நிற்கிறது.

கால்சட்டையின் தோற்றத்திலிருந்தே தொடங்கலாம். சீனாவின் மேற்கில் துர்ஃபான் படுகையின் கல்லறைகளில் கிடைத்த கம்பளிக் கால்சட்டைகள் ஏறத்தாழ 3,000 ஆண்டுப் பழமையானவை. கால்களை அகற்றிக் குதிரைமேல் உட்கார வாகாகக் கவட்டில் தனித் துண்டு வைத்து அவை செய்யப்பட்டிருக்கின்றன. கி.மு. 307இல் சீனத்தின் ஜாவ் நாட்டு அரசர் வூலிங், நாடோடிகளின் குதிரைப்படையை எதிர்கொள்வதற்காகவே அவர்களுடைய உடையைத் தன் வீரர்களுக்கு அணிவித்தார். நாகரிகமற்றவர்களின் உடையை நாம் ஏற்பதா என்று அரசவையினர் எதிர்த்தனர். ரோமிலும் இதே எண்ணம்தான். தோகா என்ற போர்த்தாடையும் டூனிக் என்ற அங்கியும் அணிந்த ரோமானியக் குடிமகனுக்குக் கால்சட்டை என்பது வடக்கத்திய அநாகரிகர்களின் அடையாளம். கி.பி. 4ஆம் நூற்றாண்டின் இறுதியில் பேரரசர் ஹொனோரியஸ் ரோம் நகருக்குள் கால்சட்டை அணிவதையே தடைசெய்தார். குதிரை ஏறியவர்கள் கால்சட்டை போட்டார்கள், ஏறாதவர்கள் நீண்ட அங்கியோடு வாழ்ந்தார்கள். ஆண்மைக்கும் கால்சட்டைக்கும் அன்று எந்த முடிச்சும் இல்லை.

ஐரோப்பிய ஆண்கள் கால்சட்டை வகைகளை ஏற்ற பிறகும் பட்டும் சரிகையும் பின்னல் வேலைப்பாடும் அவர்களை விட்டுப் போகவில்லை. 1701இல் ஹியாசின்த் ரிகோ வரைந்த பிரெஞ்சு மன்னர் பதினான்காம் லூயியின் ஓவியத்தைப் பாருங்கள். தோளில் புரளும் சுருட்டை முடி, கழுத்தில் லேஸ், தொடைவரை தெரியும் வெண்பட்டுக் காலுறை, உயர்ந்த சிவப்புக் குதிகால் கொண்ட செருப்பு. ஐரோப்பாவின் வலிமைமிக்க மன்னர் தன் அதிகாரத்தைக் காட்ட அணிந்த கோலம் இது. அந்த உயர்ந்த குதிகாலும் பாரசீகக் குதிரை வீரர்கள் அங்கவடியில் கால் நழுவாமலிருக்கப் பயன்படுத்தியதன் வழிவந்தது. வீட்டில் இருக்கும்போது கனவான்கள் தளர்வான நீண்ட கவுன் அணிவதும் வழக்கமாயிற்று. நாட்குறிப்பால் புகழ்பெற்ற சாமுவேல் பீப்ஸ் 1666இல் தன் உருவப்படத்துக்காக ஓர் 'இந்திய கவுனை' வாடகைக்கு எடுத்துக்கொண்டு அமர்ந்தார். அடுத்த நூற்றாண்டில் இத்தகைய ஆண்கள் கவுன்கள் பலவற்றுக்குத் துணி போனது நம் சோழமண்டலக் கரையிலிருந்துதான். பூவும் கொடியும் எழுதிய நம் சீட்டித் துணியில் தைத்த கவுனோடு லண்டன், ஆம்ஸ்டர்டாம் கனவான்கள் விருந்தினரை வரவேற்றனர், ஓவியர்முன் அமர்ந்தனர். அதே நூற்றாண்டில் ஸ்காட்லாந்தின் மலைநாட்டு ஆண்கள் அணிந்த கில்ட் என்ற பாவாடையைக் கண்டு பிரிட்டிஷ் அரசு அஞ்சியது. 1746ஆம் ஆண்டுச் சட்டம் அந்த உடையைத் தடைசெய்தது. முதல் குற்றத்துக்கு ஆறு மாதச் சிறை, மறுமுறை செய்தால் ஏழாண்டு நாடுகடத்தல். அரசை எதிர்த்துக் கிளர்ச்சி செய்த போர்வீரர்களின் உடை என்பதால் வந்த தடை அது. 1782இல்தான் நீக்கப்பட்டது.

அவையெல்லாம் ஆண்களுக்கென்றே தைக்கப்பட்ட உடைகள்தாமே, பெண்ணுடையை ஆண் அணிவதற்கு அவை எப்படி முன்னுதாரணம் ஆகும் என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்வி. லூயி மன்னர் எந்த எல்லையையும் மீறவில்லை, பீப்ஸும் மீறவில்லை. அவர்களைக் கலகக்காரர்களாகக் காட்டுவது வரலாற்றைத் திரிப்பதாகும். ஆனால் இந்த மறுப்பை ஏற்றுக்கொள்ளும்போதே அதன் விளைவையும் ஏற்றாக வேண்டும். லேஸும் பட்டும் உயர்ந்த குதிகாலும் தொங்கும் அங்கியும் 1701இல் அரசனுக்குப் பெருமை சேர்த்து, 1901இல் அதே நாட்டில் ஓர் ஆணைக் கேலிக்கு ஆளாக்கின என்றால் இடையில் மாறியது துணியும் அல்ல, ஆணின் உடலும் அல்ல. கோடு எங்கே கிழிக்கப்படுகிறது என்பதுதான் மாறியிருக்கிறது. கிழித்தவர்கள் மனிதர்கள் என்றால் ஏன் கிழித்தார்கள் என்று கேட்கும் உரிமை நமக்கு உண்டு.

விடை 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் கிடைக்கிறது. பிரபுக்களின் பட்டாடை பிரெஞ்சுப் புரட்சிக்குப் பிறகு வெறுப்புக்குரியதாயிற்று. தொழிற்புரட்சியில் எழுந்த நடுத்தர வர்க்கம் உழைப்பையும் சிக்கனத்தையும் ஆணின் இலக்கணமாக்கியது. கறுப்பு கோட்டும் நேரான கால்சட்டையும் அந்த இலக்கணத்தின் சீருடையாயின. இந்த மாற்றத்தை உளவியலாளர் ஃப்ளூகல் 1930இல் 'ஆண்களின் மாபெரும் துறவு' என்று அழைத்தார். துறந்த அலங்காரம் காணாமல் போகவில்லை, முழுவதும் பெண்கள்மேல் ஏற்றப்பட்டது. உழைக்கத் தேவையில்லாத மனைவியின் உடையே கணவனின் செல்வத்தைப் பறைசாற்றும் விளம்பரம் ஆனதை 1899இல் பொருளியலாளர் தோர்ஸ்டீன் வெப்லன் விளக்கினார். உடுத்தும் உரிமையும் இதே கோட்டின்படிதான் பகிரப்பட்டது. 1793 அக்டோபரில் பிரெஞ்சு தேசிய மன்றம் எவரும் எவரையும் குறிப்பிட்ட விதமாக உடுத்தும்படி கட்டாயப்படுத்தக் கூடாது என்று அறிவித்தது. ஆனால் அவரவர் தத்தம் பாலுக்குரிய உடையைத்தான் விரும்பியபடி அணியலாம் என்று அந்த ஆணையிலேயே வேலியும் போட்டது.

அந்த வேலிக்குப் பிறகு காவலும் வந்தது. ஆணுடை அணிய விரும்பும் பெண் காவல்துறையிடம் அனுமதி பெற வேண்டும் என்று 1800இல் பாரிஸில் ஆணை பிறந்தது. அது செல்லாது என்று பிரெஞ்சு அரசு அறிவித்தது 2013இல். அமெரிக்காவில் 1848இல் ஒஹையோ மாநிலத்தின் கொலம்பஸ் நகரும் 1863இல் சான்பிரான்சிஸ்கோவும் எதிர்பாலின் உடையோடு பொது இடத்தில் தோன்றுவதைக் குற்றமாக்கின. சான்பிரான்சிஸ்கோவின் சட்டம் 1974 வரை ஏட்டில் இருந்தது. லண்டனில் 1870இல் பெண்ணுடையில் நாடகம் பார்க்க வந்த எர்னஸ்ட் போல்டன், ஃபிரெடரிக் பார்க் என்ற இரு இளைஞர்கள் கைதாயினர். இயற்கைக்கு மாறான குற்றம் புரியச் சதி செய்ததாக அவர்கள்மேல் வழக்கு ஜோடிக்கப்பட்டது. மறு ஆண்டு ஜூரி அந்தக் குற்றச்சாட்டிலிருந்து அவர்களை விடுவித்தது. இயல்பாகவே எல்லோரும் பின்பற்றும் வழக்கத்துக்கு இவ்வளவு சட்டமும் காவலும் எதற்கு?

இதில் கவனிக்க வேண்டியது, வேலியின் ஒரு பக்கம் மட்டுமே திறந்தது. 1851இல் அமெரிக்கப் பெண்ணுரிமைப் போராளி அமெலியா ப்ளூமர் கால்சட்டை அணிந்தபோது ஊர் சிரித்தது. ஆனால் இரண்டு உலகப் போர்களின் தொழிற்சாலைகளைக் கடந்து, 1966இல் பிரெஞ்சு வடிவமைப்பாளர் ஈவ் சான் லொரான் பெண்களுக்கு ஆண்களின் மாலை நேர கோட்டுசூட்டைத் தைத்துக் கொடுத்த பிறகு, மேற்கில் பெண்ணின் கால்சட்டை மெல்ல மெல்லச் செய்தியாக இல்லாமல் போனது. ஆணின் கவுன் இன்றும் அட்டைப்படச் செய்தி. சிறுவர்களின் உடை இதற்கு விளக்கம் தருகிறது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கம் வரை மேற்கில் ஆண் குழந்தைகளும் நாலைந்து வயதுவரை கவுன்தான் அணிந்தார்கள். பின்னாளில் அமெரிக்க அதிபரான பிராங்க்ளின் ரூஸ்வெல்ட் 1884இல், இரண்டரை வயதில், நீண்ட கூந்தலோடும் வெள்ளைக் கவுனோடும் எடுத்துக்கொண்ட புகைப்படம் இருக்கிறது. பிறகு ஒருநாள் சிறுவனுக்குக் கால்சட்டை மாட்டப்படும். அது தாயின் மடியிலிருந்து தந்தையின் உலகத்துக்கு ஏறும் சடங்கு. அவனுடைய அக்காவுக்கு அப்படி ஒரு நாள் வருவதே இல்லை. கவுன் சார்ந்திருப்பவரின் உடை, கால்சட்டை தன் காலில் நிற்பவரின் உடை. அதனால்தான் கால்சட்டை போடும் பெண்ணுக்கு உயர ஆசைப்பட்டவள் என்ற பேர் கிடைக்கிறது, கவுன் போடும் ஆண் தன் தகுதியிலிருந்து இறங்கியவனாகிறான். அவன்மேல் வீசப்படும் ஏளனம் பெண்மையின் மீதான ஏளனம்.

இதெல்லாம் பிரபலங்களின் விளம்பர உத்தி, வணிகத்தின் விளையாட்டு என்ற வாதமும் உண்டு. அதில் பாதி உண்மை. 1969இல் லண்டன் ஹைட் பார்க் மேடையில் பாடகர் மிக் ஜாகரும், அடுத்து தன் இசைத்தட்டின் உறைப்படத்தில் பாடகர் டேவிட் போவியும் அணிந்த கவுன் போன்ற உடைகளைத் தைத்தவர் மைக்கேல் ஃபிஷ் என்ற ஒரே வடிவமைப்பாளர். 1985இல் பிரெஞ்சு வடிவமைப்பாளர் ஜான் பால் கோத்தியே ஆண்களுக்குப் பாவாடை தைத்தார். பெரும்பாலான ஆண்கள் வாங்கவில்லை. 2019 ஆஸ்கர் விழாவுக்குக் கறுப்பு வெல்வெட் கவுனில் வந்த கறுப்பின நடிகர் பில்லி போர்ட்டர், ஸ்டைல்ஸின் அட்டைப்படத்தைப் பின்னர் விமர்சித்தார். இதற்காக வாழ்நாள் முழுக்கப் போராடியவர்களை விட்டுவிட்டு ஒரு வெள்ளையருக்குப் பெருமை போகிறது என்பது அவர் வருத்தம். அந்த வருத்தத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் புகழும் லாபமும் இல்லாத இடங்களிலும் இது நடக்கிறது. 2017 ஜூன் வெயிலில் இங்கிலாந்தின் எக்ஸிட்டர் நகரில் ஒரு பள்ளி, அரைக்கால் சட்டைக்கு அனுமதி மறுத்ததால் மாணவர்கள் பாவாடை அணிந்து வகுப்புக்குப் போனார்கள். அதே மாதம் பிரான்சின் நாந்த் நகரத்துப் பேருந்து ஓட்டுநர்களும் அதையே செய்தார்கள். பெண்களுக்குப் பாவாடை உண்டு, ஆண்களுக்கு அரைக்கால் சட்டைகூட இல்லை என்ற விதியின் முரணை அவர்கள் எளிமையாக வெளிக்காட்டினார்கள்.

ஆண்-பெண் வேறுபாடே அழிந்துவிடும் என்று கவலைப்படுகிறவர்களுக்கு நம் வேட்டியே போதுமான பதில். இடுப்பில் சுற்றிய துணி தமிழனின் ஆண்மையைக் குறைத்ததில்லை. ஆனாலும் 2014இல் சென்னைக் கிளப் ஒன்றில் வேட்டி அணிந்த உயர்நீதிமன்ற நீதிபதிக்கு அனுமதி மறுக்கப்பட்டு, அதைத் தடுக்க அதே ஆண்டில் தமிழ்நாடு தனிச் சட்டமே இயற்ற வேண்டியிருந்தது. கால்சட்டையை மட்டுமே கண்ணியமாகக் கருதிய 19ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவின் இலக்கணம் அவ்வளவு தூரம் பயணித்திருக்கிறது. வேறுபாடுகள் இருக்கலாம், ஒவ்வொரு சமூகமும் தனக்கான வேறுபாடுகளை நெய்துகொள்ளும். அவற்றை ஏணிப்படிகளாக அடுக்கி, ஒன்றை மேலென்றும் மற்றதைக் கீழென்றும் வைப்பதுதான் தவறு. கவுன் அணியும் ஆணைப் பார்த்து நாம் சிரிக்காமலிருப்பது அவருக்குக் காட்டும் சலுகை அன்று. அந்த உடையைத் தலைமுறை தலைமுறையாக அணிந்துவந்த பெண்களுக்கு நாம் தர வேண்டிய மரியாதை அது.